வாடகை கொடுத்தால் பொறுப்பு தீர்ந்ததா?

ஷஅபான் பிறந்துவிட்டால் மதரஸாக்களின் ஆண்டு விழாக்களும், மக்தபுக் கட்டிட நிதிக் கூட்டங்களும், நோன்புக்கு முன் முடித்துவிட வேண்டுமென்று வைக்கப்படும் நிகாஹ்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பந்தல்காரருக்கும் பாத்திரக் கடைக்காரருக்கும் அப்போது மூச்சு விட நேரமிருப்பதில்லை. விழா முடிந்த மறுநாள் காலையில் அவர்களுடைய ஆட்கள் வந்து நாற்காலிகளை எண்ணி, குறைவைச் சொல்லும்போது நம்மவர் வாயிலிருந்து ஒரு சொல் வருகிறது: "வாடகைதான் கொடுத்துவிட்டோமே, இன்னும் என்ன?"

இந்தச் சொல் ஷரீஅத்தில் செல்லுமா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பிறரைக் குறை கூறுவதற்காக அல்ல. இதே சொல்லைக் காதால் கேட்டும் வாய் திறவாமல் இருந்தவர்களில் நாமும் ஒருவர்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓதி முடித்து வந்த புதிதில், ஆழ்வார்குறிச்சிக்கு அருகே கடனா நதிப் பாசனத்திலுள்ள ஒரு சிற்றூர் ஜமாஅத்தில் நாம் பணியாற்றினோம். மழைக்கு ஒழுகும் மக்தபுக்குக் கூரை போட ஒரு நிதி விழா வைத்தார்கள். நாற்காலி, மேஜை, தேக்சா, சஹன், ஷாமியானா எல்லாம் ஆழ்வார்குறிச்சியில் வாடகைக் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சியிடமிருந்து வந்தன. அவர் முஸ்லிம் அல்லர். பள்ளிவாசல் காரியம் என்று சொல்லி வாடகையில் கொஞ்சம் குறைத்தே கொடுத்திருந்தார். விழா நல்லபடி நடந்தது. துஆ ஓதியவர் நாம்தான்.

மறுநாள் எண்ணிப் பார்த்தால் பதினோரு நாற்காலிகளின் கால்கள் ஒடிந்திருந்தன. சிறுவர்கள் அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஏறி நின்று சீரியல் பல்பு கட்டியிருக்கிறார்கள். பெரிய தேக்சாவில் சோறு அடிப்பிடித்துக் கருகி, அதைச் சுரண்ட யாரோ மண்வெட்டியை எடுத்ததில் அடி பொத்தலாகிவிட்டது. இன்னொரு தேக்சாவை நிர்வாகிகளில் ஒருவர் தம் வீட்டு விருந்துக்கென்று ஒரு வேளை கூடுதலாக வைத்துக்கொண்டார். அண்ணாச்சி வந்து பார்த்தார். நிர்வாகிகள் சூழ்ந்து நின்றுகொண்டு, "பிள்ளைகள் ஓதுகிற இடத்துக்குத்தானே அண்ணாச்சி, உங்கள் பங்காக இருக்கட்டுமே" என்றார்கள். அவர் நம்மைப் பார்த்தார். "பள்ளிவாசல் காரியம், நான் என்னத்தச் சொல்லப் போறேன் அசரத்து" என்று சொல்லிவிட்டு வண்டியில் சாமான்களை ஏற்றச் சொன்னார். நிர்வாகிகளுக்கு மகிழ்ச்சி. நாமும் தலையை ஆட்டினோம்.

அவர் சொன்னது சம்மதமா? அன்றிரவு படுத்த பிறகு எழுந்த இக்கேள்வி, வெகு நாட்கள் நம்மை விடவில்லை.

முதலில் மஸ்அலாவைப் பார்ப்போம். பிறர் பொருளை நாம் பயன்படுத்துவதற்கு ஃபிக்ஹு கிதாபுகளில் இரண்டு வழிகள் கூறப்படுகின்றன. கைம்மாறின்றி இரவலாக வாங்குவது ஆரியத். கூலி கொடுத்து வாங்குவது இஜாரா. இரவல் வாங்கிய பொருள், அனுமதித்தபடி பயன்படுத்தியதனால் அல்லாமல் வேறு வகையில் அழிந்தால், நம் கவனக்குறைவு எதுவும் இல்லாதிருந்தாலும் ஈடு கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. வரம்பு மீறினால் அல்லது அசட்டையாக இருந்தால்தான் ஈடு என்பது ஹனஃபி மத்ஹபு. ஆனால் வாடகைப் பொருளில் இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. அது வாங்கியவர் கையில் அமானத். வரம்பு மீறாமலும் அசட்டை செய்யாமலும் இருக்கும்போது தானாகப் பழுதானால் அவர்மீது ஈடு இல்லை.

இதைப் பாதி கேட்டவர்கள்தாம் "வாடகை கொடுத்தாயிற்று" என்கிறார்கள். வாடகை எதற்கு விலை? பொருளின் பயனுக்கு, அதுவும் வழக்கமான பயனுக்கு, பேசிக்கொண்ட நேரம்வரை. நாற்காலி உட்கார்வதற்கு வாடகைக்கு வந்தது, ஏணியாக நிற்பதற்கு அல்ல. தேக்சா சமைப்பதற்கு வந்தது, மண்வெட்டி படுவதற்கு அல்ல. அந்த ஒரு வேளைக் கூடுதல் விருந்துக்கு எவரும் எவரிடமும் பேசவே இல்லை. அமானத் என்ற சொல்லே பொறுப்பைக் குறிக்க, அதைப் பொறுப்பின்மைக்குச் சான்றாகக் காட்டுவது விந்தையிலும் விந்தை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக புகாரியில் வருகிறது. நாயகம் அவர்கள் தம் மனைவியரில் ஒருவர் வீட்டில் இருந்தபோது மற்றொரு மனைவியார் ஒரு கிண்ணத்தில் உணவு கொடுத்தனுப்பினார். வீட்டிலிருந்தவர் ரோஷத்தில் தட்டிவிட, கிண்ணம் விழுந்து உடைந்தது. அண்ணலார் குனிந்து ஓட்டுத் துண்டுகளைச் சேர்த்தார்கள், சிந்திய உணவையும் அள்ளினார்கள். பிறகு கொண்டுவந்த பணியாளரை நிறுத்தி வைத்து, உடைத்தவர் வீட்டிலிருந்தே ஒரு முழுக் கிண்ணத்தை வரவழைத்துக் கொடுத்தனுப்பினார்கள். உடைந்தது உடைத்தவர் வீட்டில் தங்கியது. கணவன் மனைவி, ஒரே குடும்பம், ஒரு மண் கிண்ணம்தானே என்று விட்டுவிடவில்லை. நம் வீட்டுப் பெண்மணிகள் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை விளிம்பு நசுங்கிய நிலையில் மூன்று மாதம் கழித்துத் திருப்பி அனுப்பும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

இரவல் கொடுப்பதன் சிறப்பையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. அல்மாஊன் சூராவின் இறுதியில் கண்டிக்கப்படுவது, சின்னஞ்சிறு புழங்கு பொருட்களைக் கூடக் கொடுக்க மறுப்பவர்களை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் சட்டி, வாளி, கோடாரி போன்றவை என்று அதற்கு விளக்கம் தந்திருக்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஐந்து திர்ஹம் மதிப்புள்ள ஓர் ஆடை இருந்தது. மதீனாவில் மணக்கோலம் பூணும் பெண்கள் அதை இரவல் கேட்டு ஆளனுப்பாமல் இருந்ததில்லை என்று அவர்களே கூறியிருக்கிறார்கள். ஓர் ஊரின் மணப்பெண்களுக்கெல்லாம் பொதுவாக ஓர் ஆடை!

வாடகைக்குக் கொடுப்பவரின் பொறுப்பு இதைவிடக் கனமானது. ஏனெனில் பழுதான நாற்காலியால் பணம்தான் போகும், பழுதான மின்கம்பியால் உயிர் போகும். 2004 ஜனவரி 23ஆம் நாள் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த ஓலைப் பந்தல் தீப்பற்றியது. வீடியோ விளக்கின் மின்கம்பியிலிருந்து வந்த பொறியே காரணம் என்று அறியப்பட்டது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன் 1995 டிசம்பர் 23ஆம் நாள் ஹரியானா மாநிலம் டப்வாலியில் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்காகப் போட்ட செயற்கை இழைத் துணிப் பந்தல் எரிந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். இரண்டும் மகிழ்ச்சிக்காகக் கூடிய கூட்டங்கள்.

விற்கும் பொருளிலுள்ள குறையை மறைப்பது மோசடி என்பதை நம் பிள்ளைகள் மக்தபிலேயே கற்கிறார்கள். வாடகைப் பொருளுக்கும் அதுவே விதி. நம் நாட்டின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 150ஆவது பிரிவும் இதில் கண்டிப்பானது. இலவசமாகக் கொடுத்தவர் தமக்குத் தெரிந்த குறையைச் சொல்லாவிட்டால்தான் பொறுப்பாவார். வாடகைக்குக் கொடுத்தவரோ, குறை தமக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாதிருந்தாலும் அதனால் விளையும் சேதத்துக்குப் பொறுப்பாளி. காசு வாங்கிய கை, "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே விழா வைப்பவர்கள் பந்தல்காரரிடம் வாடகையைக் குறைக்கச் சொல்லி வாதாடும் நேரத்தில் பாதியை, சாமான்களைப் பார்ப்பதற்குச் செலவிட வேண்டும். மேலுறை உரிந்து செம்பு தெரியும் கம்பியைத் திருப்பி அனுப்புங்கள். கம்பியை ஓலையிலும் துணியிலும் படவிடாதீர்கள். ஜெனரேட்டரைப் பந்தலுக்குள் வைக்கவே கூடாது. கேஸ் அடுப்பின் குழாயைப் பண்டாரி ஒரு தடவை சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டு மூட்டட்டும். பெண்கள் பகுதிக்குத் திரை கட்டுகிறோம் என்று நான்கு பக்கமும் இறுக்கித் தைத்து ஒரே ஒரு வாசல் வைக்கிறார்கள். இது நம்மவரிடம் மிகுந்து காணப்படும் வழக்கம். பர்தா வேண்டும்தான். ஆனால் நெருப்பு வந்தால் வெளியேற இரண்டாவது வாசலும் வேண்டும், அதை நாற்காலி அடுக்கி மறைக்கவும் கூடாது. சாமான் வரும்போதே இரு தரப்பும் நின்று எண்ணி, ஏற்கெனவே உள்ள ஒடிவு நசுங்கலைச் சீட்டில் எழுதிக்கொண்டால் மறுநாள் காலைச் சச்சரவுக்கு இடமே இல்லை. கடனை எழுதிக்கொள்ளும்படி குர்ஆனிலேயே நீண்டதோர் ஆயத்து இருக்கிறது. நாமோ எழுதக் கேட்டால் நம்பிக்கையில்லையா என்று கோபித்துக்கொள்கிறோம்.

இனி, உடைந்ததற்கு ஈடு யார் கொடுப்பது? "விழாச் செலவில் எழுதிவிடுங்கள்" என்று சொல்வார்கள். அங்கேதான் பெரிய தவறு இருக்கிறது. நிதி கொடுத்தவர் மக்தபுக் கூரைக்குக் கொடுத்தார். நிர்வாகிகள் அவருடைய வகீல்கள். நியாயமான விழாச் செலவு எடுக்கலாம் என்று முன்னரே அறிவித்திருந்தால் அந்த அளவுக்கு எடுக்கலாம். நம் அசட்டையால் வந்த தண்டத்தை அதில் ஏற்ற எவருக்கும் உரிமையில்லை. அது நம் சட்டைப் பையிலிருந்து வர வேண்டியது. பீடி சுற்றிய காசில் பத்து ரூபாய் போட்ட விதவைத் தாயார், ஒரு நிர்வாகி வீட்டு விருந்துக்காக அதைப் போடவில்லை.

நிதி திரட்டும் முறையிலும் இதே நோய்தான். மேடையில் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு, "இன்னார் ஐயாயிரம் தந்தார், அவருடைய மச்சான் முன்வரிசையில்தான் இருக்கிறார்" என்று பேர் சொல்லி இழுக்கிறார்கள். அந்த மச்சானும் தருகிறார், வீட்டில் போய் வைகிறார். கூட்டத்துக்கு முன் வெட்கப்படுத்தி வாங்குவது பலவந்தமாகப் பறிப்பதைப் போன்றது என்ற கருத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் விளக்கியிருக்கிறார்கள். சாட்டையால் அடித்து வாங்கினால் உடம்பு வலிக்கும், இதில் உள்ளம் வலிக்கிறது, வேறென்ன வித்தியாசம்? மனமொப்பாமல் ஒருவருடைய பொருள் மற்றவருக்கு ஹலாலாகாது என்பது நபிமொழி.

பலர் முன்னிலையில் கேட்பதே கூடாதென்று நாம் சொல்லவில்லை. முளர் கோத்திரத்தார் உடுக்கத் துணியின்றி மதீனா வந்தபோது அண்ணலார் மக்களைக் கூட்டிப் பேசினார்கள். அன்சாரிகளில் ஒருவர் கை தாங்க முடியாத பையொன்றைக் கொண்டுவந்து வைத்தார், பின்னர் மக்கள் தொடர்ந்து வந்து உணவும் துணியுமாகக் குவித்தார்கள். ஆனால் எவரையும் பேர் சொல்லி எழுப்பவில்லை. அரைப் பேரீச்சம் பழமானாலும் தரலாம் என்று சிறிய கைக்கும் அந்தப் பேச்சில் இடமிருந்தது. நம் மேடைகளில் அந்தச் சிறிய கைக்காரருக்கு இடமில்லை. அவர் பின்னாலிருந்து மெல்ல நழுவிவிடுகிறார்.

ஒவ்வொரு விழாவுக்கும் வாடகை கொடுத்து மாளவில்லை, ஜமாஅத்துக்கே பாத்திரங்கள் வாங்கி வைத்தாலென்ன என்று கேட்கும் ஊர்களும் உண்டு. நல்ல யோசனைதான். அசையும் பொருளை வக்ஃபு செய்வதில் கருத்து வேறுபாடு இருந்தபோதிலும், மக்களிடையே வழக்கமுள்ள கோடாரி, மண்வெட்டி, சந்தூக்கு, சட்டி, அண்டா போன்றவற்றை வக்ஃபு செய்யலாம் என்று இமாம் முஹம்மது (ரஹ்) அவர்கள் கூறியதாக ஹிதாயாவில் இருக்கிறது. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே பொதுப் பாத்திரம் சட்டப் பேச்சில் ஏறிவிட்டது! ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டுமென்று ஒருவர் நிபந்தனையிட்டு வைத்த தேக்சாவுக்கு முத்தவல்லி வாடகை போடக் கூடாது. அப்படி நிபந்தனையில்லாத இடத்தில், வசதியுள்ளவர் தேய்மானத்துக்கென்று கொடுக்கட்டும், இல்லாதவர் வெறுங்கையோடு எடுத்துப் போகட்டும். பல்லாயிரம் ரூபாய் அலங்காரத்துக்குச் செலவிட்ட நிகாஹ் வீட்டார் ஜமாஅத்துத் தேக்சாவை இலவசமாகக் கேட்டு வரிசையில் நிற்கும் காட்சியைப் பற்றி இன்னொரு சமயம் எழுதுவோம்.

அண்ணாச்சியிடம் திரும்புவோம். அவர் வாய் மறுக்கவில்லை, ஆகவே சம்மதம் என்று நிர்வாகிகள் வாதாடினார்கள். நமக்கு விடை கிடைத்தது ஸஃப்வான் இப்னு உமய்யா அவர்களின் வரலாற்றில். ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிக்குப் பின் ஹுனைன் போருக்காக அண்ணலார் அவரிடம் கவசங்கள் கேட்டார்கள். அவர் அப்போது இஸ்லாத்துக்கு வரவில்லை, தோற்ற பக்கத்தைச் சேர்ந்தவர். பறித்துக்கொள்கிறீர்களா என்று அவர் கேட்டபோது, இல்லை, ஈட்டுப் பொறுப்புள்ள இரவலே என்று அண்ணலார் பதிலளித்தார்கள். போருக்குப் பின் சில கவசங்கள் காணாமற்போயிருந்தன. ஈடு தருகிறோம் என்று அண்ணலாரே முன்வந்தார்கள். அன்றைக்கு இல்லாதது இன்று என் உள்ளத்தில் இருக்கிறது, ஆகவே வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஈடு தரக் கை நீண்டது, பிறகுதான் அவர் விட்டுக்கொடுத்தார். நாமோ ஈடு தருவதாகச் சொல்லவே இல்லை. விட்டுக்கொடுக்கும்படி அவரைக் கேட்டோம், அதுவும் பத்துப் பேர் சூழ்ந்து நின்று, பள்ளிவாசல் பேரைச் சொல்லி. அந்த ஊரில் தொழில் செய்ய வேண்டிய ஒரு மனிதர் அந்த இடத்தில் வேறென்ன சொல்லியிருப்பார்?

இதை நிர்வாகிகளிடம் சொல்ல நமக்கு எட்டு மாதமாயிற்று. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. சொன்னபோது இருவர் முகம் சுளித்தார்கள். மூவர் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள், நாமும் சேர்த்தோம். கூடுதல் விருந்து வைத்தவர் ஒரு வாரம் கழித்து, யாரிடமும் பேசாமல், நம் அறை வாசலில் ஒரு கவரை வைத்துவிட்டுப் போனார்.

பணத்தை எடுத்துக்கொண்டு ஆழ்வார்குறிச்சி போனோம். அண்ணாச்சி கடையில் தகரக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து சஹன்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "அதை இன்னுமா நினைச்சிட்டிருக்கீக?" என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லக் கூடும் என்று எண்ணிக் கொஞ்சம் காத்திருந்தோம். அவர் சொல்லவில்லை. பணத்தை வாங்கி எண்ணினார். பிறகு உள்ளே போய் ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து, பக்கங்களைப் புரட்டி, ஒரு வரியின் குறுக்கே பேனாவால் கோடு இழுத்தார். அந்த வரியில் நம் பேரோ நிர்வாகிகள் பேரோ இல்லை. பள்ளிவாசல் என்று மட்டும் எழுதியிருந்தது.