கடன் வாங்கிய சொல்லும் கடன்பட்ட மனிதனும்

பிறமொழிச் சொற்களிலும் முதுமொழிகளிலும் மனிதன் கொள்ளும் விருப்பு இயல்பானது. தாய்மொழியிலே பன்முறை கேட்டுச் சுவை குன்றிய ஒரு கருத்து, அயன்மொழியின் ஒலியிலே வரும்போது புதுமை பெறுகின்றது. இலத்தீன் முதுமொழியொன்றையோ பிரெஞ்சுச் சொற்றொடரொன்றையோ மேற்கோளாகக் காட்டுவதைக் கற்றோர் பெருமையாகவே கருதுவர். இவ்விருப்பு அறிவின் விரிவைக் காட்டுவதா, தன்மொழியின்பாற் கொண்ட அலட்சியத்தைக் காட்டுவதா என்னும் வினா தமிழ்ச் சூழலிலே நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வந்துள்ளது.

தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஒலிமரபுக்கு இயையும்படி ஏற்றல் தகும் என்பதே அவ்விலக்கண மரபின் கருத்து. 1916ஆம் ஆண்டளவிலே தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் அதற்கு எதிர்த்திசையிலே நின்று, அயற்சொல் களையப்படவேண்டியது என்றார். வேதாசலம் என்னும் தம் இயற்பெயரையே அவர் அதன்பொருட்டு மாற்றிக்கொண்டார். இவ்விரு நிலைப்பாடுகளும் மொழியின் நலனை முன்னிறுத்துவன. சொல்லைக் கொடுத்தவன் யார், வாங்கியவன் யார், அக்கொடுக்கல் வாங்கலிலே மனிதனுக்கு நேர்ந்தது யாது என்னும் வினாக்களை இரண்டும் எழுப்புவதில்லை. மொழியியலுக்குப் புறம்பானவையாயினும் இவ்வினாக்கள் அறவியலுக்கு இன்றியமையாதவை. இவற்றை ஆராய்வதற்கு மாத்தளை மாவட்டம் மிகப் பொருத்தமான களமாகும்.

மொழிகள் சந்திக்கும் நிலமாக மாத்தளை தொன்றுதொட்டு இருந்து வந்துள்ளது. வாய்மொழியாகப் பேணப்பட்ட திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டிலே ஏட்டில் எழுதப்பெற்ற இடம் மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரை என்பது பௌத்த மரபு. எழுதப்பட்ட மொழி பாளி. எழுதிய பிக்குகளின் வீட்டுமொழி அதுவன்று. போரும் பஞ்சமும் நாட்டை வருத்திய காலத்தே, மனப்பாடமாக வைத்திருந்தோர் மடிந்தால் அறமும் மடியும் என அஞ்சி, அயன்மொழிச் சொற்களை அவர்கள் உயிரெனக் காத்தனர் என்று கூறப்படுகின்றது. மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையிலே நிற்கும் நாலந்தா கெடிகேயோ திராவிடக் கட்டடக் கலைமரபில் எழுந்த பௌத்த ஆலயமாகும். பிறருடைய வடிவத்திலே தம்முடைய வழிபாட்டை நிகழ்த்துவதற்கு அக்காலத்தோர் நாணவில்லை. விரும்பி ஏற்கும் ஒன்று அடிமைத்தனம் ஆகாது என்பதற்கு இவ்விரண்டும் சான்றாகும்.

ஆயின் எல்லாச் சொற்களும் விரும்பி ஏற்கப்பட்டவை அல்ல. இலங்கைத் தமிழன் அமரும் கதிரையும், எழுதும் மேசையும், உடை வைக்கும் அலுமாரியும், உண்ணும் பாணும், அணியும் சப்பாத்தும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களாலேயே குறிக்கப்படுகின்றன. கந்தோர் ஒல்லாந்தரது. இச்சொற்களைக் கொண்டுவந்தோர் வாளோடும் பீரங்கியோடும் வந்தனர் என்பதை எவரும் மறுக்கார். ஆயினும் நான்கு நூற்றாண்டுப் புழக்கம் அவற்றின் பகைமையைக் கழுவிவிட்டது. கதிரை என்று கூறும் குழந்தைக்குப் போர்த்துக்கேயத் தளபதிகள் நினைவுக்கு வருவதில்லை. பொருளைக் குறிக்கும் சொல் தன் வரலாற்றை எளிதில் மறந்துவிடும். மனிதனைக் குறிக்கும் சொல்லோ அவ்வாறு மறப்பதில்லை. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்வதற்கு மாத்தளையின் தோட்டப்புறங்களை நோக்குதல் வேண்டும்.

19ஆம் நூற்றாண்டிலே கோப்பிப் பயிர்ச்செய்கைக்கெனத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாகத் தம்புள்ளை வழியே நடந்து மலைநாட்டை அடைந்தனர். வடபாதை எனப்பட்ட அவ்வழியிலே மலைநாட்டின் வாயிலாக அமைந்தது மாத்தளை. கொலராவும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டன. எஞ்சியோர் கையிலே உடைமை அதிகம் இருந்திருக்க இயலாது. நாவிலே மொழி இருந்தது. அம்மொழியோடு புதிய சொற்கள் வந்து கலந்தன. விடியலிலே தப்பு ஒலிக்க, தொழிலாளர் வரிசையில் நின்று வேலை பெறும் இடம் பெரட்டுக்களம் ஆயிற்று. படைவீரரின் அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பெரட்டு எனத் திரிந்தது. வரிசை வீடு லயம் ஆயிற்று. அதன் ஒற்றை அறை போர்த்துக்கேய மூலத்தையுடைய காம்பரா ஆயிற்று. தாயர் கொழுந்து பறிக்கச் செல்லுகையிலே குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் பிள்ளை மடுவம். மடுவம் என்பது சிங்களத்திலே கொட்டிலைக் குறிக்கும் சொல்லின் தமிழ் வடிவம். ஆணையோடு வந்த இச்சொற்களையும் அம்மக்கள் தம் நாவுக்கேற்பத் திருத்திக்கொண்டனர். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் ஏசலிலும் பயின்ற பின்னர் அவை துரைமாரின் சொற்களாக இருக்கவில்லை. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் முதலிய எழுத்தாளர் அவ்வாழ்வை எழுதப் புகுந்தபோது, இச்சொற்களை விலக்கி எழுதுதல் அவ்வாழ்வையே விலக்கி எழுதுதலாக முடிந்திருக்கும்.

இனி, எதிர்த்திசையிலே சென்ற சொற்களை நோக்கலாம். பிறமொழியார் தமிழிலிருந்து விரும்பி எடுத்தவை எவை? கட்டுமரம், வெட்டிவேர், மிளகுத்தண்ணீர், சுருட்டு என்பன ஆங்கில அகராதியிலே இடம்பெற்றதைத் தமிழர் பெருமையோடு எடுத்துக்காட்டுவர். அதே அகராதியிலே கூலி என்னும் சொல்லும் இருக்கின்றது. அதன் மூலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. குஜராத்தின் கோலி என்னும் இனப்பெயரோடு அதனைத் தொடர்புபடுத்துவோரும் உளர். எவ்வாறாயினும் அதன் இன்றைய பொருளை வடிவமைத்ததிலே தமிழ்க் கூலிக்குப் பங்குண்டு என்பது பொதுவாக ஏற்கப்படும். தமிழிலே கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம், உழைத்தவனுக்கு உரிமையானது. ஆங்கிலத்திலே அது உழைப்பவனின் பெயராயிற்று. சிங்களத்திலும் இச்சொல் உண்டு. குலிய என அங்கே வாடகையையும் ஊதியத்தையும் அது குறிக்கின்றது. ஆக, ஒரே சொல் அயல்வீட்டுக்குச் சென்றபோது பணமாகவே இருந்தது. ஆள்வோர் வீட்டுக்குச் சென்றபோது மனிதனாகியது.

இதற்கு மறுதலையான ஒரு மாற்றமும் தோட்டத்திலே நிகழ்ந்தது. ஒரு நாள் வேலை, செக்ரோலில் ஒருவர் பெயருக்கு எதிரே குறிக்கப்படும். அதனால் ஒரு நாட் சம்பளமே பேர் எனப்பட்டது. குறித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு அரைப்பேர் போடப்பட்டது. தாய் தந்தையர் இட்ட பெயர் மனிதனுக்குப் பிறப்போடு வரும் உரிமை. அது பாதியாதல் இயலாது. ஆயினும் தோட்டக் கணக்கிலே அது பாதியாயிற்று. கூலி என்னும் ஊதியம் மனிதனாக, மனிதனின் பெயர் ஊதியமாக, இரு சொற்களும் இடம் மாறி நின்றன. ஒரு சமுதாய அமைப்பின் முழு இயல்பையும் விளக்க இவ்விரு சொற்களே போதுமானவை.

கங்காணி என்பதும் இத்தகையதே. கண்காணி என்ற தூய தமிழ்ச் சொல் சோழர் காலக் கல்வெட்டுகளிலே மேற்பார்வை செய்வோரைக் குறிப்பது. அது தோட்டத்திலே ஆள் சேர்ப்பவனையும் கடன் கொடுப்பவனையும் குறிக்கலாயிற்று. பிறிதொரு தூய தமிழ்ச் சொல் துண்டு. தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவனை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சீட்டுக்கு அப்பெயர் வழங்கியது. கடனை அடைத்துத் துண்டு பெறாதவன் வேறு தோட்டத்திலே வேலை பெறுதல் அரிது. ஆங்கிலேயர் அச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே தம் ஆவணங்களிலே வழங்கினர். 1921ஆம் ஆண்டின் சட்டமே அம்முறையை ஒழித்தது. தமிழனைக் கட்டிவைத்த கயிற்றுக்குத் தமிழ்ப்பெயரே வாய்த்தது. தூய சொல் தூய செயலுக்கு உத்தரவாதம் அன்று என்பதைத் தனித்தமிழ் ஆர்வலரும் இவ்விடத்து எண்ணிப் பார்த்தல் தகும்.

ஒருவன் பிறமொழியிலிருந்து எதனை விரும்பி எடுக்கிறான் என்பது அம்மொழியாரோடு அவன் கொண்ட உறவைக் காட்டிவிடும். தோட்டத்துரைமார் தமிழ் கற்பதற்கென 19ஆம் நூற்றாண்டிலே வெளிவந்த கையேடொன்றின் தலைப்பு 'இங்கே வா' என்பது. பிற்காலத்து வழிகாட்டியொன்று 'கூலித் தமிழ்' என்று பெயர் பெற்றது. ஈராயிரம் ஆண்டு இலக்கியத்தையுடைய மொழியிலே அவர்களுக்கு வேண்டியிருந்தது ஏவல் வினைமுற்று. ஏவலை மட்டும் கற்றவன் அம்மொழியைக் கற்றவனாகான். அம்மொழியாரின் செவியை மட்டும் கற்றவனாவான்.

எனினும் குற்றம் முழுவதையும் அயலார்மீது சுமத்துதல் நேர்மையன்று. ஐரோப்பிய மொழிகளிலே சமுதாயத்தால் ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் பொதுச்சொல்லொன்று, பறை என்னும் கருவியோடு தொடர்புபடுத்தப்படும் தமிழ்ச் சாதிப்பெயரிலிருந்து பிறந்தது. அப்பெயரை அயலார் எடுத்துச்சென்றனர். அதனோடு ஒட்டியிருந்த இகழ்ச்சியைக் கற்பித்தோர் தமிழரே. தோட்டக்காட்டான் என்னும் இழிசொல்லும் எந்த வெள்ளையனும் ஆக்கியதன்று. தோட்டமும் காடும் தமிழ்ச்சொற்கள். அவற்றைச் சேர்த்து மனிதனை இகழ்ந்த நாவும் தமிழ் நாவே. பிறமொழி அகராதி சிலவேளைகளில் கண்ணாடியாகவும் அமையும். அதிலே தன் முகத்தைக் காண மறுப்பவன் கட்டுமரத்தைப் பற்றிப் பெருமை பேசும் தகுதியை இழக்கின்றான்.

இழிசொல்லை எதிர்கொள்ளும் வழிகள் பலவாக இருந்துள்ளன. 1893இல் தென்னாபிரிக்கா சென்ற காந்தியடிகள் அங்கே கூலி பாரிஸ்டர் என அழைக்கப்பட்டார். அவர் அப்பெயரால் அழைக்கப்பட்டோரின் பக்கத்திலேயே நின்றார். மொரிசியஸ் கவிஞர் கால் டொராபுல்லி 1990களிலே அதே சொல்லினடியாகப் புதுச் சொல்லொன்றை ஆக்கி, கடல்கடந்த உழைப்பாளரின் பொது அடையாளமாக அதனை உயர்த்தினார். இலங்கையிலே 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களோ மூன்றாவது வழியொன்றை மேற்கொண்டனர். பிறர் இட்ட பெயர்களை விடுத்து, மலையகத் தமிழர் என்னும் பெயரைத் தாமே தமக்கு இட்டுக்கொண்டனர். எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று. அரசியல் உரிமை வருமுன்னரே பெயருரிமையை அவர்கள் கைக்கொண்டிருந்தனர்.

அவ்வாறாயின் அயற்சொல் விருப்பு முற்றாக ஐயத்துக்குரியதா? அன்று. மாத்தளையிலே தமிழரும் சிங்களரும் முஸ்லிம்களும் அயலவராக வாழ்கின்றனர். கடே, சல்லி, அக்கா என்பன சிங்களத்திலே தமிழைப் போலவே ஒலிப்பன. சிங்கள மக்களிடையே ஒரு முதுமொழி உண்டு: தாழ்ந்த இடத்தாலேயே தண்ணீர் இறங்கும் என்பது அதன் பொருள். எளியவன்மீதே எல்லாச் சுமையும் வந்து விழும் என்பதற்கு அதனைக் கூறுவர். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்னும் தமிழ்ப் பழமொழியோடு அதனை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். மலைச்சரிவிலே வாழ்ந்த சிங்களக் குடியானவன் தன் அனுபவத்தை நீரின் ஓட்டத்திலே கண்டான். ஊர்ச்சபையின் முன்னே நின்ற தமிழ் ஏழை அதனைத் தன் குரலின் தோல்வியிலே கண்டான். படிமம் வேறு, பட்ட துன்பம் ஒன்று. வீண் முயற்சியை ஆற்றிலே எறிய முளை வெட்டியதுபோல என்பர் சிங்களர். விழலுக்கு இறைத்த நீர் என்பர் தமிழர். இம்முதுமொழிகளை விரும்பிக் கற்கும் தமிழ் மாணவன் சொல்லை மட்டும் பெறுவதில்லை. அயலவனும் தன்னைப் போலவே துன்புற்றவன் என்ற அறிவையும் பெறுகின்றான். இலத்தீன் முதுமொழியை மனனம் செய்பவர் அயல்வீட்டு முதுமொழியை அறியாதிருத்தல் கல்வியின் குறைபாடு மட்டுமன்று, அறத்தின் குறைபாடுமாகும். இரு மொழியினரும் ஒருவர் மற்றவரின் முதுமொழிகளைப் பழகாதிருந்ததற்கு இந்நாடு கொடுத்த விலை பெரிது.

எனவே, அயற்சொல் தகுமா என்று பொதுப்படக் கேட்பது பயனற்ற வினா. அச்சொல் பொருளுக்குப் பெயராகிறதா, மனிதனைப் பொருளாக்குகிறதா? அதனை எடுத்தவன் கொடுத்தவனின் வாழ்வை அறிய முயன்றானா, அவனை ஏவுவதற்கு மட்டும் எடுத்தானா? கொடுத்தவன் அச்சொல்லை மீண்டும் கேட்கும்போது தலைநிமிர்ந்து கேட்க இயலுமா? இம்மூன்று வினாக்களே அளவுகோலாகத் தக்கவை. இவற்றால் அளந்தால் பெரட்டும் காம்பராவும் இன்று அம்மக்களுடைய சொற்களே. தூய தமிழாயினும் தோட்டக்காட்டான் எவர்க்கும் உரிய சொல்லன்று.

மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியிலே தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணமொன்று, முன்னோர் வந்த வழியே நடந்து ஓகஸ்டிலே மாத்தளையை அடைந்தது. அன்று அவ்வழியே வந்தோரைக் கணக்கெழுதியவர்கள் கூலிகள் என எழுதினர். அவர்தம் வழித்தோன்றல்கள் மலையகத் தமிழர் என்னும் பெயரோடு அந்நகருக்குள் நுழைந்தனர். இடையிலே கழிந்த காலத்தின் போராட்டம் முழுவதும் அவ்விரு பெயர்களுக்கும் இடையிலுள்ள தூரத்திலே அடங்கியிருக்கின்றது.