பெயரிலிகள்

மொட்டைக் கடிதத்தை அறியாத ஆசிரியர் எமது நாட்டில் இருத்தல் அரிது. புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியை ஒருவர், அதிபரின் முன் துணிந்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும். அவரது ஒழுக்கத்தைப் பற்றிய பெட்டிசம் ஒன்று கல்விக் கந்தோருக்குப் போய்ச் சேரும். அடியிலே ‘உண்மை விளம்பி’ என்றோ ‘ஊர் நலன் விரும்பி’ என்றோ இருக்கும். அதனை எழுத ஒரு தாளும் ஒரு முத்திரையும் சிறிது பொறுமையும் வேண்டியிருந்தன. இன்று கைத்தொலைபேசியில் அதே வேலையை அரை நிமிடத்தில் முடித்துவிடலாம். அன்று அதைப் படித்தவர் ஓர் உத்தியோகத்தர். இன்று படிப்பது ஊர் முழுவதும்.

இக்கொடுமையைக் கண்டு மனம் கொதிப்போர் ஒரு கேள்வியை எழுப்புகின்றனர். இணையத்தில் எழுதுவோர் அனைவரும் தம் உண்மையான அடையாளத்தைப் பதிந்த பின்னரே எழுதலாம் எனச் சட்டம் செய்தால் என்ன? சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று மாணவருக்குப் போதிக்கும் நாம் இதனை இலகுவில் தட்டிக்கழித்துவிட முடியாது. அணிந்தவனைப் பிறர் கண்ணுக்கு மறைக்கும் மோதிரம் ஒன்று இடையன் ஒருவனுக்குக் கிடைத்ததையும், அவன் அரசனைக் கொன்று நாட்டைக் கைப்பற்றியதையும் பிளேட்டோ ‘குடியரசு’ நூலிற் சொல்கிறார். காண்பார் இல்லாதவிடத்தும் நீதி வழுவாதவன் உண்டா என்பதே அங்கு எழும் வினா.

இவ்வினாவைத் தென்கொரியா ஏட்டளவில் விட்டுவிடாது நடைமுறையிற் சோதித்துப் பார்த்தது. பெரிய இணையத்தளங்களிற் கருத்தெழுதுவோர் முதலில் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்ற விதி 2007இல் அங்கு நடைமுறைக்கு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களை ஒருங்கே வைத்துப் பார்ப்பது பயனுடையது.

சோய் ஜின்-சில் அந்நாட்டு மக்களின் அன்புக்குரிய நடிகை. மணமுறிவின் பின் இரண்டு குழந்தைகளைத் தனியே வளர்த்துவந்தவர். தற்கொலை செய்துகொண்ட இன்னொரு நடிகருக்கு அவர் வட்டிக்குக் கடன் கொடுத்து நெருக்கினார் என்ற வதந்தி இணையத்திற் பரவியது. அவ்வேளையில், 2008 ஒக்டோபரில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அடையாளம் கோரும் விதி வந்து அப்போது ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.

அதே காலத்தில் ‘மினர்வா’ என்ற புனைபெயரில் ஒருவர் அரசாங்கத்தின் பொருளாதாரக் கொள்கையைக் கண்டித்து எழுதிவந்தார். அமெரிக்காவின் லீமன் வங்கி வீழும் என முன்கூட்டியே எழுதியவர் என அவர் புகழ் பரவியது. பெரும் வங்கி அதிகாரியாகவோ பேராசிரியராகவோ இருப்பார் என்றே பலரும் நினைத்தனர். 2009 ஜனவரியில் அவர் கைதுசெய்யப்பட்டபோது, தாமாகவே பொருளாதாரம் கற்ற, வேலையற்ற இளைஞர் என்பது தெரியவந்தது. பெயர் தெரியாதவரை அவர் எழுதியதை எடைபோட்டவர்கள், பெயர் தெரிந்ததும் அவர் பெற்ற பட்டத்தை எடைபோடத் தொடங்கினர்! அவர் எழுதியவை யாவும் சரியானவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிறுவனங்கள் டொலர் வாங்கக்கூடாதென அரசாங்கம் பணித்ததாக அவர் எழுதியதே வழக்காயிற்று. தீய நோக்குடன் எழுதவில்லை என்று கண்டு நீதிமன்றம் அவரை அதே ஆண்டு ஏப்ரலில் விடுவித்தது.

எனவே அடையாளம் கோரிய விதி நடிகையைக் காக்கவில்லை. அரசாங்கத்தைக் கண்டித்தவருக்கோ சிறைவாசத்தைத் தடுக்கவில்லை. 2011இல், இரண்டு தளங்களின் பாவனையாளர் ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேரின் விபரங்கள் களவாடப்பட்டன. 2012 ஓகஸ்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்விதியை ஏகமனதாக இரத்துச்செய்தது. சட்டவிரோதமான பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பது அது காட்டிய காரணங்களுள் ஒன்று.

ஏன் குறையவில்லை? முகமூடி தேவைப்படுவது அஞ்சுபவனுக்கே. தனித்து வாழும் பெண்ணொருத்தியைத் தூற்றுபவன் யாருக்கு அஞ்ச வேண்டும்? அயலவர் சிரிப்பர், நண்பர் மெச்சுவர். எமது சமுதாயத்தில் ஒரு மாணவனின் சாதியைச் சொல்லி இழிவுபடுத்த எவரும் புனைபெயர் தேடியதில்லை. இழிவெனக் கருதப்படாத செயலை மனிதர் சொந்தப் பெயரிலேயே செய்வர். கூடும் கூட்டத்தின் கண்களை எண்ணி விளம்பரக்காரருக்கு விற்கும் நிறுவனங்களுக்கோ, எறியப்படுவது பூவா சேறா என்பது ஒரு பொருட்டன்று.

அதிகாரத்தை நோக்கிப் பேசுபவனின் நிலை வேறு. அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே புனைபெயரில் எழுதியோர் எமது எழுத்துலகிற் சிலரல்லர். அவர்களை நாம் கோழைகள் என்று சொன்னதில்லை. 2024இல் எமது நாட்டிலும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டபோது, பெண்களும் சிறுவரும் காக்கப்படுவர் என்றனர் ஆதரித்தோர். விமர்சகரின் வாயை அடைக்கவே உதவும் என்றனர் எதிர்த்தோர். அந்த அச்சம் வெறுங்கற்பனையெனத் தென்கொரியாவைப் பார்த்தவர் சொல்லமாட்டார்.

இதனால் ‘உண்மை விளம்பி’க்கு நாம் வக்காலத்து வாங்குகிறோம் என எவரும் எண்ணற்க. பாதிக்கப்பட்டவள் முறையிடும்போது, தூற்றியவன் இன்னான் என அறிய நீதிமன்றம் கட்டளையிட வேண்டும். அது விரைவாகவும் நடைபெற வேண்டும். ஆனால் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவனின் பெயரைக் கேட்பது வேறு. எல்லாருடைய பெயரையும் முன்கூட்டியே வாங்கிப் பெட்டியிற் பூட்டிவைப்பது வேறு.

எமது வகுப்பறைகளுக்கு வருவோம். பிள்ளைகள் தமக்குள் வைத்திருக்கும் வாட்ஸப் குழுவில் ஒரு மாணவியின் படத்தைப் போட்டு நாற்பது பேர் நகைக்கிறார்கள். அங்கே பெயரிலி ஒருவருமில்லை. மறுநாட் காலை இடாப்பை விரித்து நாம் கூப்பிடும் பெயர்கள்தாம் அவை. அம்மாணவியின் பெயரைக் கூப்பிடும்போது பதில் இல்லை. ‘வரவில்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறோம்.