சூதுப்பொருளும் மரபுக்காப்பும்

ஒரு செயல் அறமாதற்கு அதன் பயன் நன்றாதல் மட்டும் அமையுமா, அதற்குரிய பொருள் வந்த நெறியும் நன்றாதல் வேண்டுமா என்பது ஆராயற்பாலது. இவ்வினா பிரித்தானிய நாட்டு மரபுக்காப்பின்கண் தெளிவுற எழுகின்றது.

அந்நாட்டில் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய லாட்டரி 1994 நவம்பரில் தொடங்கிற்று. சீட்டு விற்ற பணத்தில் ஒரு பகுதி பொதுநலப் பணிகளுக்கு ஒதுக்கப்படும். அவ்வொதுக்கீட்டில் நூற்றுக்கு 20 பங்கு பண்டை மரபுகளைக் காத்தற்குரியது. அதனைப் பகிர்ந்தளிக்கும் நிதியம் 2019 முதல் தேசிய லாட்டரி மரபு நிதியம் எனப் பெயர் பெற்றது. பழைய தேவாலயங்களின் கூரை, ஊரார் தொகுக்கும் முதியோர் வாய்மொழி வரலாறு முதலியன இக்கொடையால் நிலைபெறுகின்றன.

ஈண்டு ஒருசாரார், "சூதின் வந்தது தீப்பொருளே, அதனாற் செய்த பணியும் மாசுடைத்து" என்பர். திருவள்ளுவரும் சூதின் கேட்டை ஓர் அதிகாரத்தான் விளக்கினாராகலின், இக்கூற்று எளிதில் தள்ளற்பாலதன்று.

மற்றொருசாரார் மூர்க்க நாயனாரைச் சான்று காட்டுவர். திருவேற்காட்டில் தோன்றிய அவர், அடியார்க்கு அமுதூட்டித் தம் பொருளெல்லாம் தொலைந்தபின், சூதாடி வென்ற பொருளால் அப்பணியை நடாத்தினார். குடந்தையிலும் அவ்வாறே செய்து பேறு பெற்றார். "அவர்க்கு ஆயது அரசுக்கு ஆகாதோ?" என்பது இவர் வினா.

அற்றன்று. நாயனார் முதற்கண் தம்முடைமை முழுவதையும் ஈந்தார். பின்னரே சூதினை நாடினார். வென்ற பொருளைத் தாம் தீண்டாது, அமுது சமைப்பார் கொள்ள விடுத்தார். அடியார் உண்டபின் கடைப்பந்தியிலேயே தாம் உண்டார். சீட்டு வாங்குவாரோ தம் ஊதியங் கருதி வாங்குவர்; அரசு தன்னதெனக் கொடுத்தது யாதுமில்லை. ஆகலின் நாயனார் செயல் லாட்டரிக்கு மேற்கோளாகாது.

அங்ஙனமாயின், அக்கொடையைப் பெறுதல் குற்றமோ எனின், கொள்ளாது விடுவாரது தூய்மை போற்றற்குரியதே. ஆயினும் இடியுங் கூரை அத்தூய்மையால் நில்லாது. சூது நடாத்துதல் வேறு. முன்னரே திரண்ட பொருளைப் பொதுநலத்திற் செலுத்துதல் வேறு. பின்னது, தோற்றாரிடமிருந்து பிரிந்த பொருளை மீண்டும் அவர்பாற் சேர்க்கும் வழியாகலாம்.

ஆகலாம் என்றதன்றி ஆம் என்னாமைக்குக் காரணம் உண்டு. சீட்டில் வென்றார் சிலர், தோற்றார் மிகப்பலர், அவருள் வறியரும் உளர். கொடை பெற்ற மண்டபம் செல்வர்க்கே திறக்குமாயின், வறியர் இழந்தது செல்வர் இன்பத்திற்கு விலையாம். அது சூதினுங் கொடிது. எனவே பெறுவார்க்கு அக்கொடை பரிசிலன்று, கடனே. செலவிட்ட ஒவ்வொரு காசுக்கும் வெளிப்படக் கணக்குக் காட்டலும், காத்த மரபினை ஊரார் அனைவர்க்கும் பொதுவாக்கலும் அக்கடனைத் தீர்க்கும் வழிகளாம்.

நாயனார் வரலாற்றினின்று கொள்ளத்தக்கது சூதாடற்கு உரிமையன்று. பிறர்பொருளைக் கையாள்வார் பொருளைத் தமதாக்காது, பயன்கொள்வாருட் கடைசியினராய் நிற்றல் வேண்டும் என்னும் ஒழுக்கமே என்க.