'அஞ்சாதே' என்பது மருந்தாகுமா?

"கண்ணேறு பட்டிருக்கிறது, மந்திரித்துக் கயிறு கட்டினால் சரியாகிவிடும்" என்றார் பாட்டியார்.

"நோயாவது, நொடியாவது! படிக்கச் சோம்பல், பாசாங்கு செய்கிறான்!" என்றார் தந்தையார்.

"பகுத்தறிவு படைத்தவன் அஞ்சலாமா? அச்சத்தை உதறு, அறிவைத் துணைகொள்!" என்றேன் நான்.

மூவர் பேசினோம், மூவரும் தவறினோம். மூவரிலும் பெரிய தவறு என்னுடையதே. பாட்டியார் எழுதப் படிக்க அறியாதவர். தந்தையார் விடியுமுன் வேலைக்குச் சென்று, விளக்கு வைத்தபின் வீடு திரும்புபவர். நானோ கல்லூரியில் பட்டம் பெற்றவன். பள்ளியில் பாடம் சொல்பவன். காரணமின்றிக் காரியமில்லை என்று மேடையேறி முழங்குபவன். அத்தகைய நான், என் எதிரே நடுங்கி நின்ற மாணவனைப் பார்த்து, 'ஏன்?' என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்க மறந்தேன்.

அவன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், நன்றாகப் படிப்பவன். காலாண்டுத் தேர்வன்று வினாத்தாளைக் கையில் வாங்கினான். உடல் வியர்த்தது, விரல் நடுங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினான். அரையாண்டுத் தேர்வுக்குப் பள்ளிப் பக்கமே வரவில்லை. அப்போதுதான் நான் அவன் இல்லம் சென்றேன். மேலே சொன்ன மூன்று தீர்ப்புகளும் அன்று ஒரே திண்ணையில் வழங்கப்பட்டன. தீர்ப்புப் பெற்றவன் தலை கவிழ்ந்து நின்றான். அவன் வாய் திறக்கவில்லை. திறக்க நாங்கள் விடவில்லை!

தோழர்களே! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. அஞ்சுகிறவன் குற்றவாளியா? அச்சம் அவன் செய்த பிழையா, அவனுக்கு நேர்ந்த துன்பமா?

கயிறு கட்டுபவர் காரணம் தேடுவதில்லை. ஏதோ ஒரு சொல்லை ஓதினால் துன்பம் தொலையும் என்று நம்புகிறார். 'அஞ்சாதே' என்று ஆணையிடுபவர் மட்டும் காரணம் தேடினாரா? அவரும் ஒரு சொல்லை ஓதினால் துன்பம் தொலையும் என்றுதானே நம்புகிறார்! அப்படியானால் நான் ஓதியதும் மந்திரமன்றோ? மொழி வேறு, முறை ஒன்றே. பகுத்தறிவின் பெயரால் நானும் ஒரு மூடநம்பிக்கையைத்தான் வளர்த்தேன்.

காரணம் தேடத் தொடங்கினேன். முதற்காரணம் உடலிலேயே இருந்தது.

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன், அச்சமும் சினமும் உடலில் விளைவிக்கும் மாற்றங்களை ஆராய்ந்து 1915ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். எக்ஸ் கதிரின் துணைகொண்டு பூனையின் இரைப்பையை நோக்கியபோது, அது கலக்கமுற்ற நேரத்தில் இரைப்பையின் அசைவே நின்றுபோவதைக் கண்டவர் அவர். ஆபத்து வந்தால் உடல் என்ன செய்கிறது? சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் நீரைக் குருதியில் கலக்கிறது. இதயம் விரைகிறது, மூச்சு வேகம் கொள்கிறது, குருதி தசைகளுக்குப் பாய்கிறது, செரிமானம் ஒதுங்கி நிற்கிறது. போரிடு, அன்றேல் ஓடு! இதுவே உடல் விடுக்கும் ஆணை.

புலி எதிரே நிற்கும்போது இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். வினாத்தாள் எதிரே இருக்கும்போது? போரிடவும் வழியில்லை, ஓடவும் இடமில்லை. ஆயினும் உடல் புலிக்கும் தாளுக்கும் வேற்றுமை காணாமல் முரசு கொட்டிவிடுகிறது. என் மாணவனின் வயிற்றுவலி பாசாங்கு அன்று, மெய்யான வலி. மெய்யை நாங்கள் பொய் என்றோம். அவன் துன்பத்தின் மேல் அவமானத்தையும் ஏற்றி வைத்தோம்.

அச்சம் அத்தனையும் தீதா? அன்று. அஞ்சத் தக்கவற்றுக்கு அஞ்சுவது அறிவுடையார் செயல் என்பது வள்ளுவரின் கருத்து. தேர்வு நெருங்கும்போது சிறிது கவலை எழுவது இயல்பு. படிக்கத் தூண்டும் அளவில் அது நமக்கு நண்பன். ஆபத்து இல்லாத இடத்திலும் ஓயாது ஒலித்து, உணவைக் கெடுத்து, உறக்கத்தைப் பறித்து, செய்ய வேண்டிய செயலையே தடுக்கும்போதுதான் அது பதற்றம் என்னும் நோயாகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் பதற்ற நோய்களால் துன்புற்றோர் ஏறத்தாழ 30 கோடிப் பேர். முப்பது கோடிப் பேரும் கோழைகளா? முப்பது கோடிப் பேரும் பாசாங்குக்காரர்களா?

சரி, வினாத்தாள் எப்படிப் புலியாயிற்று? இங்கேதான் இரண்டாவது காரணம் இருக்கிறது. அச்சம் கற்பிக்கப்படுகிறது!

1920ஆம் ஆண்டு, பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். ஒரு வயதுகூட நிறையாத குழந்தை. ஆல்பர்ட் என்று பெயரிட்டுக் குறித்தனர். வெள்ளெலியைக் கண்டு அது அஞ்சவில்லை. கைநீட்டித் தொடப் பார்த்தது. அது தொடும்போதெல்லாம் பின்னால் நின்று இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். சில முறை இவ்வாறு செய்தபின், ஓசையே இல்லாதபோதும் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. முயலைக் கண்டும் அழுதது. அச்சத்தை ஊட்டிய ஆய்வாளர்கள் அதை அகற்றாமலே குழந்தையை அனுப்பிவிட்டனர்! அறிவியலின் பெயரால் நடந்த அந்தக் கொடுமையை இன்றைய அறிவியல் உலகம் ஏற்காது.

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? 'பூச்சாண்டி வருகிறான்' என்கிறோம்; 'சாமி கண்ணைக் குத்தும்' என்கிறோம். பிஞ்சு உள்ளத்தின் பின்னால் நின்று இரும்புத் தண்டை நாமும் அடித்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

மறுநாள் மாலை, பள்ளி விட்டபின், வேப்பமரத்தடியில் என் மாணவனோடு அமர்ந்தேன். "தம்பி, நேற்று நான் பேசியது தவறு. உனக்கு என்ன நேர்கிறது? நீ சொல், நான் கேட்கிறேன்" என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு பேசினான்.

"பத்தாம் வகுப்பில் ஒருமுறை மதிப்பெண் குறைந்துவிட்டது ஐயா. தாளை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டி, 'இவனெல்லாம் படித்து என்ன ஆகப்போகிறது' என்று கேட்டார்கள். வகுப்பே சிரித்தது. இப்போது தாளைக் கையில் வாங்கினால் அந்தச் சிரிப்புத்தான் காதில் கேட்கிறது. வீட்டிலே நான் ஒருவன்தான் படிக்கிறேன். கடன் இருக்கிறது. 'உன்னை நம்பித்தானடா இருக்கிறோம்' என்று அம்மா சொல்லும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது ஐயா."

வினாத்தாள் வெள்ளெலி, வகுப்பின் சிரிப்பு இரும்புத் தண்டு! தாயின் அன்பு மொழியோ, அவன் தோளில் ஏறிய மூட்டை. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கண்ணேறும் இல்லை, கயமையும் இல்லை. காரணங்கள் இருந்தன. கேட்பார்தாம் இல்லை.

மூன்றாவது காரணம், அச்சத்திலிருந்து தப்பி ஓடுவது. அரையாண்டுத் தேர்வன்று வீட்டிலேயே இருந்துவிட்டபோது அவனுக்குப் பெரும் நிம்மதி. அந்த நிம்மதிதான் ஆபத்து! ஓடினால் உயிர் பிழைக்கலாம் என்று உடல் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் வேகமாக ஓடச் சொல்கிறது. விலகி ஓடிப் பெறும் அமைதி கடன் வாங்கிய அமைதி. அதற்குக் கந்துவட்டி உண்டு.

காரணங்களைக் கண்டோம். தணிக்கும் வழி என்ன?

வழிகாட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி. 1924ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வில், பீட்டர் என்று குறிக்கப்பட்ட ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுவன் வருகிறான். முயலைக் கண்டு அலறியவன். 'அஞ்சாதே' என்று அவர் அதட்டவில்லை. அவன் விரும்பும் உணவை உண்டுகொண்டிருக்கையில், முயலைக் கூண்டோடு தொலைவில் வைத்தார். அவன் தாங்கும் அளவுக்கு நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். முடிவில் அச்சிறுவன் முயலைத் தடவிக் கொடுத்தான்! கற்றுக்கொண்ட அச்சத்தை மெல்ல மெல்ல மறக்கவும் கற்கலாம். மனநல மருத்துவர்கள் இன்றும் கையாளும் முறைகளுக்கு இது ஒரு முன்னோடி.

அம்முறையையே நாங்கள் மேற்கொண்டோம். முதல் வாரம் ஆளில்லாத தேர்வறையில் சும்மா உட்கார்ந்தான். அடுத்த வாரம் எளிய வினாக்கள் ஐந்து, மதிப்பெண் இல்லை. அதற்கடுத்த வாரம் நண்பர் இருவரோடு அமர்ந்து எழுதினான். நெஞ்சு படபடக்கும்போது எழுந்து ஓடாமல், மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடப் பழகினான். மூச்சு தணிந்தால் இதயத் துடிப்பும் தணியும். இதில் மந்திரம் எதுவுமில்லை, நரம்புகளின் இயல்பே அது. நள்ளிரவுத் தேநீரை விட்டான், உறக்கத்தை மீட்டான், மாலையில் பந்தாடத் திரும்பினான்.

உள்ளத்துக்கும் ஒரு பயிற்சி உண்டு. பெர்ட்ரண்டு ரசல் 1930ஆம் ஆண்டு வெளியிட்ட 'மகிழ்ச்சியை வெல்லுதல்' என்னும் பொருள்படும் நூலில், கவலையை எதிர்கொள்ள ஒரு வழி கூறினார்: நேரக்கூடிய மிகக் கெட்ட விளைவு எதுவோ, அதை மறைக்காமல் முழுமையாக எண்ணிப் பார், எண்ணியபின், அதுவும் உலகத்தின் முடிவாகாது என்பதற்கான காரணங்களைத் தேடு என்றார். அவர் பகுத்தறிவாளர், ஆனால் அச்சத்தை ஏளனம் செய்யவில்லை, ஆராயச் சொன்னார். என் மாணவனிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். "தோற்றால் என்ன ஆகும்?" என்று தலைப்பிட்டு எழுதச் சொன்னேன். 'எல்லாம் முடிந்துவிடும்' என்று தொடங்கினான். 'துணைத்தேர்வு எழுதலாம்' என்று முடித்தான். இருளிலே பூதமாகத் தெரிந்தது, எழுத்திலே ஒரு மாத உழைப்பாகச் சுருங்கியது.

இவை யாவும் எல்லோருக்கும் போதுமா? போதா. தைராய்டு சுரப்பி மிகுதியாகச் சுரந்தாலும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அதை மருத்துவரே கண்டறிய வேண்டும். பதற்றம் முற்றியவர்க்கு உளவியல் சிகிச்சையும் சிலர்க்கு மருந்தும் தேவை. பார்வை மங்கியவன் கண்ணாடி அணிவது இழிவா? மனம் கலங்கியவன் மருத்துவரை நாடுவது மட்டும் எங்ஙனம் இழிவாகும்? என் மாணவனையும் அவன் தந்தையார் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். கயிற்றைக் கட்டிய கையோடுதான் சென்றான். கயிற்றை அறுக்க நான் சொல்லவில்லை. பாட்டியாரின் அன்பு அதிலே இருந்தது. மருத்துவம் நடந்தால் போதும் என்றிருந்தேன்.

மருத்துவத்தின் இடத்தைச் சங்கிலி பிடித்துக்கொண்டால் என்ன நேரும் என்பதை நாடு ஒருமுறை கண்டது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சிகிச்சை பெறுவது மக்களின் உரிமை என்று கூறுகிறது. நோயாளரைச் சங்கிலியால் பிணிப்பதைத் தடை செய்கிறது. 14416 என்ற எண்ணை அழைத்தால் கட்டணமின்றி உளநல ஆலோசனை கிடைக்கும் ஏற்பாடு 2022ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. உரிமை ஏட்டிலே இருக்கிறது; அதை வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பது யார் கடமை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அஞ்சுகிறவனை மட்டும் திருத்திவிட்டு, அச்சமூட்டும் ஏற்பாட்டை அப்படியே விட்டுவைப்பது நீதியாகாது. பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017ஆம் ஆண்டு கைவிட்டது. வானம் இடிந்து விழவில்லை! மனிதர் வகுத்த முறையை மனிதரே மாற்றலாம் என்பதற்கு அது சான்று. தாளை உயர்த்திக் காட்டிச் சிரிக்கும் வழக்கம் வகுப்பறைகளிலிருந்து எப்போது ஒழியும்? அதற்கு ஆணை வரவேண்டியதில்லை. ஆசிரியராகிய எங்களுக்கு நாணம் வந்தால் போதும்.

பொதுத்தேர்வு வந்தது. என் மாணவன் தேர்வறைக்குள் நுழைந்தான். அச்சம் அடியோடு ஒழிந்துவிட்டதா? இல்லை. "கை நடுங்கியது ஐயா, நடுங்கிக்கொண்டே எழுதினேன்" என்றான் வெளியே வந்து. எத்தனை மதிப்பெண் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த நடுக்கத்தோடு அவன் எழுதி முடித்த தாளுக்கு ஈடான வீரத்தை, மேடையிலே முழங்கிய நாள்களில் நான் காட்டியதில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இளைஞர்களே! இருளை எதிர்க்கும் பணி நம்முடையது. பேய் இல்லை என்று சொல்கிறோம், சொல்வோம். ஆனால், பேய்க்கு அஞ்சுகிறவன் நெஞ்சிலே துடிப்பது பொய்யன்று. அவன் கண்ணீர் பொய்யன்று. அவனை ஏளனம் செய்வது எளிது. அவனருகே அமர்வது அரிது. அறிவியக்கத்தின் முதற்சொல் 'அஞ்சாதே' என்பதன்று, 'ஏன்?' என்பதே. உங்கள் வீட்டில், விடுதியில், வகுப்பில், உங்கள் பக்கத்து இருக்கையில் நடுங்கும் கையொன்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், அறிவுரையைச் சற்றே நிறுத்துங்கள், அந்தக் கையைப் பற்றுங்கள், பிறகு கேளுங்கள்: "ஏன் தம்பி? என்ன நேர்ந்தது?"