சமஷ்டி தர்மம்

மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு சட்டமன்றம் விவாதித்து, வாக்கெடுத்து, நிறைவேற்றி அனுப்பிய மசோதா, அம்மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவருடைய மேஜையில் ஒப்புதலும் இன்றி, மறுப்பும் இன்றி, காரணமும் கூறப்படாமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பது நியாயமாகுமா என்னும் கேள்வி அண்மைக் காலமாக இந்நாட்டின் மனச்சாட்சியை உறுத்தி வருகிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2020 முதல் 2023 வரையில் நிறைவேற்றிய, பெரும்பாலும் பல்கலைக்கழக நிர்வாகத்தையும் துணைவேந்தர் நியமனத்தையும் பற்றிய மசோதாக்கள் ஆளுநர் மாளிகையில் தேங்கின. வழக்கு உச்சநீதிமன்றத்தை எட்டிய பின்னர், 2023 நவம்பரில், அவற்றுள் 10 மசோதாக்கள் ஒப்புதல் இன்றித் திரும்பின; சில நாட்களிலேயே சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூடி அவற்றை மறுபடியும் நிறைவேற்றிற்று; திருப்பி அனுப்பப்பட்டு மீண்டும் நிறைவேறிய மசோதாவுக்கு ஒப்புதலை மறுக்கலாகாது என்று அரசியலமைப்பின் 200ஆம் பிரிவு சொல்லியிருந்தும், அம்மாத இறுதிக்குள் அவையனைத்தும் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கென ஒதுக்கப்பட்டன. 2025 ஏப்ரல் 8 அன்று உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அச்செயல் சட்டத்துக்குப் புறம்பானதென்று தீர்த்து, அம்மசோதாக்கள் ஒப்புதல் பெற்றவையாகவே கொள்ளப்படும் என்று கூறிக் காலவரையறையும் விதித்தனர். அதன்மேல் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை எழுப்பி ஆலோசனை கோர, அவ்வாண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள், இத்தகைய காலவரையறையை நீதிமன்றம் விதிக்க இயலாதென்றும், ஒப்புதல் கிடைத்ததாகக் கருதிக்கொள்ள இடமில்லையென்றும் அபிப்பிராயம் தெரிவித்தனர். காரணமின்றி நெடுங்காலம் வாளாவிருப்பாராயின் ஏதேனும் ஒரு முடிவுக்கு வருமாறு ஆளுநரைப் பணிக்கலாம் என்பதை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

சட்டத்தின் வழக்கு இவ்வாறு ஒருவகையாக ஓய்ந்தது. அறத்தின் வழக்கு ஓயவில்லை. நீதிமன்றம் நாள் குறிக்க முடியாது என்பதனால், நாள் கடத்துவது நேர்மையாகிவிடாது. ஒரு கூட்டரசில் மாநிலத்துக்கென்று ஒதுக்கப்பட்ட அதிகாரம் மத்திய அரசு மனமுவந்து அளித்த சலுகையன்று. இரண்டையும் படைத்த அதே அரசியலமைப்பு வகுத்துக் கொடுத்த உரிமை. அதனை வெளிப்படையாக மறுப்பது தவறு. மறுக்காமலே பயனற்றதாக்குவது அதனினும் பெரிய தவறு. மறுப்பவன் காரணம் சொல்லியாக வேண்டும், காரணத்துக்கு எதிர்வாதம் உண்டு; மௌனமாக இருப்பவனோ வாதத்துக்கே இடமில்லாமல் செய்துவிடுகிறான்.

இவ்விஷயத்தில் நம் முன்னோர் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் தாழ்த்திச் செய்யத்தக்க காரியம் வேறு, தாழ்த்தலாகாத காரியம் வேறு என்று பகுத்துக் காட்டுகிறார். செங்கோன்மை அதிகாரத்திலோ, எளிதில் காண்பதற்கு இயலாதவனாய், முறையீட்டை ஆராய்ந்து முறைசெய்யாதவனாய் இருக்கும் வேந்தன் பகைவர் இல்லாமலே தாழ்ந்து கெடுவான் என்கிறார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும், அவசரக் காரியங்களை அரசன் உடனே கேட்க வேண்டும், ஒத்திப்போட்டால் பின்னர் முடிக்க அரிதாகவோ முடிக்கவே இயலாததாகவோ ஆகிவிடும் என்று எச்சரிக்கிறது. முடியரசனுக்கே தாமதம் குற்றம் என்றால், குடியரசின் ஊழியருக்கு அது எங்ஙனம் உரிமையாகும்?

தாமதத்தைக் காட்டிலும் ஆழமான பிழை, அதன் அடியில் இருக்கும் அவநம்பிக்கை. இன்ன காரியத்தை இன்ன கருவியால் இன்னவன் முடிப்பான் என்று ஆராய்ந்த பின் அக்காரியத்தை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்பது தெரிந்துவினையாடலில் காணும் நெறி. ஆராயாமல் நம்புவதும், நம்பித் தெளிந்தவனைச் சந்தேகிப்பதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும் என்பது தெரிந்துதெளிதலில் காணும் நெறி. இந்திய அரசியல் நிர்ணய சபை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆராய்ந்தே மாநிலப் பட்டியலை வகுத்தது. ஆராய்ந்து ஒப்படைத்த பின்னரும் ஒவ்வொரு மசோதாவையும் சந்தேகக் கண்ணோடு தடுத்து நிறுத்துவது, ஒப்படைத்தவர்களின் விவேகத்தையே இகழ்வதாகும்.

பேரரசின் வலிமையும் சிற்றூரின் சுயாட்சியும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே கல்லில் வெட்டிய சாட்சி உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட சாசனங்களை நின்று படிப்போர் வியப்பார்கள். முப்பது குடும்புகளாக ஊர் பகுக்கப்பட்டது. குடும்பு தோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சபையார் முன்னிலையில், விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தனர். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கலாகாது என விலக்கினர். அரசனுடைய அதிகாரி உடனிருந்தார். ஆயினும் ஏற்பாட்டைச் செய்தது சபையே. கடல் கடந்து வெற்றி கொண்ட பிற்காலச் சோழர் ஆட்சியும் இத்தகைய சபைகளின் மேல்தான் நின்றது.

இனி, ஒருமைப்பாட்டின் பெயரால் சொல்லப்படும் வாதத்தையும் கேட்கத்தான் வேண்டும். 1947இல் தேசம் பிளவுண்டு, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் எத்திசை செல்லுமோ என்ற அச்சத்தில் அரசியலமைப்பு எழுதப்பட்டது. வலிய மத்திய அரசு அன்று தேவையாயிற்று. பாதுகாப்பும் நாணயமும் அயல்நாட்டு உறவும் ஒரே கையில் இருத்தல் வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் துணைவேந்தரைத் தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்வியில் தேசத்தின் ஒருமைப்பாடு எங்கே தொங்குகிறது? இந்த இழுபறியால் பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமல் ஒருங்கிணைப்புக் குழுக்களின் பொறுப்பில் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தபோது, ஆராய்ச்சி மாணவனுக்கும் பேராசிரியருக்கும் நேர்ந்த இடர்ப்பாட்டினால் எந்த எல்லை காக்கப்பட்டது?

அசாதாரண காலத்துக்கென்று தரப்பட்ட அதிகாரம் சாதாரண ஆயுதமாக மாறியதைச் சரித்திரம் முன்னமே கண்டது. மாநில அரசைக் கலைக்க வழி செய்யும் 356ஆம் பிரிவு, பயன்படாமலே ஏட்டில் கிடக்கும் என்று நம்புவதாக அண்ணல் அம்பேத்கர் 1949இல் நிர்ணய சபையில் கூறினார். பத்தாண்டு கழிந்து, 1959 ஜூலை 31 அன்று, பெரும்பான்மை பெற்றிருந்த கேரள அரசு அதே பிரிவினால் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1976இலும், ஆளுநரின் அறிக்கை இல்லாமலேயே 1991இலும், அது நிகழ்ந்தது. பெரும்பான்மையைச் சட்டமன்றத்திலேயே சோதிக்க வேண்டும் என்று 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் நெறிப்படுத்திய பின்னரே அக்கொடுமை பெரிதும் தணிந்தது. கலைப்புக்குக் கதவு குறுகவே, தாமதத்துக்குக் கதவு அகலத் திறந்துகொண்டது. மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்து 1971இல் இராஜமன்னார் குழுவும், பின்னர் சர்க்காரியா ஆணையமும், 2010இல் ஆளுநருக்கு ஆறு மாதத் தவணை வேண்டுமென்ற பூஞ்சி ஆணையமும் எடுத்துரைத்தவை அலமாரிகளில் உறங்குகின்றன.

விளைந்த வயலில் யானை தானே புகுந்து உண்டால், வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே மிகுதி என்று பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு உரைத்ததைப் புறநானூறு போற்றி வைத்திருக்கிறது. வரியைப் பற்றிச் சொன்ன அவ்வறிவுரை அதிகாரத்துக்கும் பொருந்தும்: அளவறிந்து கொள்ளும் அரசு நெடுங்காலம் கொள்ளும், எல்லாவற்றையும் தன் காலடியில் கொண்டுவரும் அரசு தனக்கும் பயனின்றி, குடிகளுக்கும் பயனின்றிக் கெடுக்கும். வென்ற நாட்டின் மொழியையும் உடையையும் வழக்கங்களையும் வேந்தன் தானும் மேற்கொள்ள வேண்டும் என்று அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. வெல்லப்பட்ட நாட்டுக்கே அவ்வளவு மதிப்பு உரியதென்றால், விரும்பிச் சேர்ந்து வாழும் மாநிலத்துக்கு எவ்வளவு உரியது!

இவ்வறம் மேலிருப்போரை மட்டுமே கட்டுப்படுத்துவதன்று. மத்திய அரசிடம் உரிமை கேட்கும் மாநிலம், தனக்குக் கீழுள்ள ஊராட்சிக்கு அதே உரிமையை வழங்கக் கடமைப்பட்டது. உத்திரமேரூரைப் பெருமையுடன் சொல்லும் தமிழ்நாட்டில், 2016இல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரையில் தேர்தல் நடவாமல், தனி அலுவலர்களே ஆண்டனர் என்பது வெட்கத்துக்குரியது. டெல்லியில் அநீதி என்று தோன்றுவது சென்னையில் நிர்வாக வசதியாகிவிடலாகாது. அதிகாரத்தை எத்தனை தூரம் மக்களுக்கு அருகில் கொண்டு செல்கிறோமோ அத்தனை தூரம் அது அறத்துக்கு அருகில் செல்லும் என்பதை உணர்ந்து, ஆளுநர் மசோதாவை இயன்ற விரைவில் தீர்த்து அனுப்பட்டும்; மத்திய அரசு அவரை அதற்குத் தூண்டட்டும்; மாநில அரசு ஊராட்சித் தேர்தலை உரிய நாளில் நடத்தட்டும். இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. பதவியை மக்களுக்குப் பட்ட கடனாகக் கருதும் மனம் ஒன்றே தேவை, அதைக் கேட்டுப் பெறுவது குடிமக்கள் ஒவ்வொருவருடைய கடமை.