மலையேற்றமும் ஈகையும்: ஓர் அறவியல் நோக்கு

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், இரத்தினபுரியை அடைவதற்குச் சற்று முன்னதாக அமைந்துள்ள ஊர் குருவிட்ட. அங்கிருந்து எரத்ன வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஒரு பாதை செல்கின்றது. கடல்மட்டத்திலிருந்து 2,243 மீற்றர் உயர்ந்து நிற்கும் அம்மலையின் பாதைகளுள் நீளமானதும் கடினமானதும் எனப் பெயர்பெற்றது இப்பாதை. உச்சியிலுள்ள பாதச் சுவட்டைப் பௌத்தர் புத்தருடையதென்றும், சைவர் சிவபெருமானுடையதென்றும், இஸ்லாமியர் ஆதம் நபியுடையதென்றும் போற்றுவர். ஆண்டுதோறும் டிசம்பர் மாதப் பூரணை முதல் மே மாத வெசாக் பூரணை வரை யாத்திரிகர் இரவிரவாக மலையேறுவது பழைய வழக்கம்.

யாத்திரிகன் மட்டுமே அம்மலையை ஏறுவதில்லை. வழியிலும் உச்சியிலும் உள்ள கடைகளுக்கு வேண்டிய அரிசி, மா, சீனி ஆகியவற்றைத் தோளிலும் தலையிலும் சுமந்தேறும் கூலியாளும் அதே படிகளில் கால்வைக்கின்றான். இவ்விருவரோடு மூன்றாமவன் ஒருவனையும் இக்காலம் உருவாக்கியுள்ளது. அவன் ஒரு நற்பணிக்கு நிதி திரட்டும்பொருட்டு மலையேறுபவன். புறப்படுமுன் நண்பரையும் உறவினரையும் நிறுவனங்களையும் அணுகி, தான் குறித்த தூரத்தை நடந்து முடித்தால் குறித்த தொகையைத் தருவதாக அவர்களிடம் வாக்குறுதி பெறுகின்றான். திரண்ட பணம் மருத்துவமனைக்கோ பாடசாலைக்கோ செல்கின்றது.

மூவரும் ஏறுவது ஒரே மலை. மூவரும் சிந்துவது ஒரே வியர்வை. எனினும் முதலாமவனின் ஏற்றத்தை உலகம் பக்தி என்கின்றது. இரண்டாமவனின் ஏற்றத்தைத் தொழில் என்கின்றது. மூன்றாமவனின் ஏற்றத்தைத் தியாகம் என்கின்றது. இப்பெயர் வேறுபாட்டுக்கு அடிப்படை யாது? ஒருவனது உடற்சிரமம் எப்பொழுது அறச்செயலாகின்றது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிதி திரட்டும் நடை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. 1980 ஆம் ஆண்டு, எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெரி பொக்ஸ் என்னும் கனேடிய இளைஞர், செயற்கைக் காலுடன் அந்நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் கடந்தபின் நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டத்தை நிறுத்தினார். மறு ஆண்டு உயிர்நீத்தார். 1981 இல் ஹொங்கொங்கில் கூர்க்காப் படையினரின் பயிற்சியாகத் தொடங்கிய 100 கிலோமீற்றர் மலைநடை, 1986 முதல் பொதுமக்களும் பங்குகொள்ளும் ஒக்ஸ்பாம் நிதிநடையாக வளர்ந்தது. 2020 இல் கொள்ளைநோய்க் காலத்தில், நூறாவது வயதை எட்டவிருந்த டொம் மூர் என்னும் ஆங்கிலேய முதியவர், நடைதாங்கியின் துணையுடன் 25 மீற்றர் நீளமான தம் தோட்டத்தை நூறுமுறை கடந்து, மருத்துவ சேவையின் அறநிதியத்துக்கு 3 கோடி பவுணுக்கு மேல் திரட்டினார்.

இலங்கையிலும் இதற்கு எடுத்துக்காட்டுண்டு. 2011 ஜூலையில், போர் ஓய்ந்து ஈராண்டு கடந்திருந்த வேளையில், தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரம் 27 நாட்களில் நடந்து முடிக்கப்பட்டது. தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை அமைப்பதற்கான நிதி அதன்மூலம் திரட்டப்பட்டது. 2016 இல் அதே நடை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி, காலி கராப்பிட்டிய மருத்துவமனைக்காக நடைபெற்றது.

இத்தகைய முயற்சிகளின் பயனை எவரும் மறுக்க இயலாது. ஆயின் பயன் வேறு, அறத்தன்மை வேறு. தத்துவ நோக்கில் முதலில் எழும் ஐயம் இது: நடப்பவனின் நடை நோயாளிக்கு எதனையும் செய்வதில்லை, மருந்தை வாங்குவது பணமே. அப்பணத்தை நடை இன்றியே கொடுத்திருக்கலாமன்றோ? 1972 இல் வெளியான கட்டுரையொன்றில் பீற்றர் சிங்கர் என்னும் மெய்யியலாளர் ஓர் உவமையைக் கூறினார். ஆழமற்ற குளமொன்றில் ஒரு குழந்தை மூழ்குகின்றது. வழிப்போக்கன் தன் ஆடை சேறாகுமே என்று தயங்குவது தகுமா? தகாது எனின், தொலைவில் பசியால் வாடுவோருக்கு உதவாதிருப்பதும் தகாது என்பது அவரது வாதம். இவ்வுவமையைச் சற்று மாற்றி நோக்கலாம். குளக்கரையில் நிற்பவன், “அதோ அந்த மலையை யாரேனும் ஏறிக்காட்டினால் குழந்தையைத் தூக்குவேன்” என்று கூறினால் அவனை என்னென்பது? வாக்குறுதி அளித்துவிட்டு நடை முடியும்வரை காத்திருக்கும் கொடையாளியின் நிலையும் தோற்றத்தில் இதுவே. கைம்மாறு கருதாத கொடையே கொடை என வலியுறுத்தும் தமிழ் அறநூல் மரபுக்கும், பிறனது வியர்வையை நிபந்தனையாக வைக்கும் இவ்வழக்கம் முரணானதாகவே தோன்றும்.

ஆனால் இவ்வாதம் மனித இயல்பின் ஒரு கூற்றைக் காணத் தவறுகின்றது. மனிதன் கணக்குப் பார்த்து மட்டும் இரங்குபவனல்லன். தெல்லிப்பழையில் ஒரு மருத்துவமனை தேவை என்ற செய்தியைப் பத்திரிகையில் வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுபவன், தனக்கு அறிமுகமான ஒருவர் அதற்காக வெயிலில் நடக்கின்றார் என்று கேட்கும்போது நின்று செவிசாய்க்கின்றான். முருகன் கோயிலில் காவடியெடுப்பவர் சொற்களால் சொல்ல முடியாத ஒன்றைத் தம் உடலால் சொல்கின்றார். நிதிநடையும் அவ்வாறே உடலைச் சாட்சியாக்கும் ஒரு பேச்சு. டெரி பொக்ஸ் ஓடிய ஒவ்வொரு மைலும் நோயுற்றோர் சார்பில் நோயுற்ற ஒருவரே கூறிய சாட்சியம். டொம் மூர் கடந்த தூரம் மொத்தம் இரண்டரைக் கிலோமீற்றர். ஆரோக்கியமான ஒருவருக்கு அது அரைமணி நேர நடை. மக்களை அசைத்தது தூரமன்று; தளர்ந்த உடல் தளராது கூறிய செய்தியே. ஆகவே நடப்பவனின் சிரமம் கொடையின் விலை அன்று. அது கொடையை வேண்டும் மொழி எனல் பொருந்தும். இவ்விளக்கத்தால் முதல் ஐயம் பெரும்பாலும் நீங்குகின்றது.

நடப்பவன் புகழை நாடுகின்றான் என்ற குற்றச்சாட்டு அடுத்து வருவது. கடமையுணர்வினாலன்றித் தன் உள்ளத்து இன்பத்தின்பொருட்டுப் பிறர்க்கு உதவுபவனின் செயல் பாராட்டத்தக்கதாயினும் மெய்யான அறப்பெறுமதி உடையதன்று என 1785 இல் இம்மானுவேல் கான்ற் எழுதினார். ஆயினும் நடப்பவனின் உள்ளத்தைத் துருவி ஆராய்வதால் நோயாளிக்கு ஆவதொன்றுமில்லை. புகழாசை கலவாத நற்செயலை மட்டுமே ஏற்பதெனின் உலகில் பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு அடிக்கல்லே நாட்டப்பட்டிராது. இக்குற்றச்சாட்டு எளிதில் எழுவது. அதனாலேயே இதனைவிடக் கனதியான ஒன்றை மறைத்துவிடுவது.

அக்கனதியான வினாவைக் குருவிட்டப் பிரதேசத்தின் சரிவுகளே எழுப்புகின்றன. அச்சரிவுகளில் தேயிலையும் இறப்பரும் வளர்கின்றன. தோட்டத் தமிழர் பேச்சு வழக்கில் கொழுந்து பறிக்கச் செல்வதை ‘மலைக்குப் போதல்’ என்றே கூறுவர். தேயிலை நிற்கும் இடமே அவர்களுக்கு மலை. காலையில் மலைக்குப் போகும் பெண் ஒருத்தி, மழையிலும் அட்டைக் கடியிலும் நிரைநிரையாக ஏறி இறங்கி, நிறைந்த கொழுந்தைச் சுமந்து நிறுக்கும் இடத்துக்கு வருகின்றாள். குறித்த நிறை குறைந்தால் அரைப்பேர். அதாவது பாதிச் சம்பளம். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் ஒலித்தபின்னரே 2021 மார்ச்சில் வர்த்தமானி அறிவித்தலாயிற்று. அவள் ஆயுளில் ஏறிய உயரத்தை எவரும் கூட்டிப் பார்த்ததில்லை. ஒரு மைலுக்கு இவ்வளவு என எவரும் அவளுக்கு வாக்குறுதி அளித்ததுமில்லை.

ஒருநாள் மலையேறியவனுக்கு மாலையும் நாள்தோறும் மலையேறுபவளுக்கு அரைப்பேரும் கிடைப்பது ஏன்? தத்துவம் இதற்கு ஒரு விடையை ஆயத்தமாக வைத்துள்ளது. சுதந்திரமாகத் தெரிவுசெய்யப்பட்ட செயலே அறப்பெறுமதி உடையது. நிதிக்காக நடப்பவன் சிரமத்தைத் தானே தெரிவுசெய்கின்றான், தொழிலாளியோ பிழைப்பின் பொருட்டு அதற்கு உட்படுகின்றாள் என்பதே அவ்விடை. இவ்விடை பிழையன்று. ஆயின் இதன் உட்பொருளை முழுமையாக ஏற்றுக்கொள்வோர் சிலரே. சிரமத்தைத் தெரிவுசெய்யும் வாய்ப்பே ஒரு செல்வமாகும். அடுத்த நாள் கால்வலியோடு நாற்காலியில் அமர்ந்து ஓய்வெடுக்கலாம் என்ற உறுதி உடையவனுக்கே இன்றைய ஏற்றம் தியாகமாகின்றது. அந்த உறுதி அற்றவளின் ஏற்றத்துக்குத் தியாகம் என்ற பெயர் கிட்டாமைக்குக் காரணம் அவளது அறக்குறைபாடன்று, அவளது வறுமையே.

இவ்விடத்தில் கான்றின் பிறிதொரு சிந்தனை துணைபுரிகின்றது. 1797 இல் வெளியான ஒழுக்கவியல் நூலில் அவர் ஒரு வினாவை எழுப்பினார். கொடுக்கும் ஆற்றல் செல்வத்தால் வருவது. அச்செல்வ வேறுபாடோ பெரும்பாலும் அநீதியான ஆட்சிமுறை சிலருக்குச் சலுகை காட்டுவதால் விளைவது. அவ்வாறாயின் செல்வன் வறியவனுக்குச் செய்யும் உதவி ஈகை என்னும் பெயருக்கு உரியதுதானா? இருநூறு ஆண்டுகள் கடந்தும் இவ்வினாவின் கூர்மை மழுங்கவில்லை. ஒருவனுக்கு உரியதை அவனுக்கே கொடுப்பது ஈகையன்று, அது கடன்தீர்த்தல். கடனைத் தர்மம் என்று பெயர்மாற்றிக் கொடுப்பவன், கொடுக்கும்போதே பெறுபவனின் உரிமையை மறைத்துவிடுகின்றான்.

எனவே நிதிநடைகள் அனைத்தையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று. புற்றுநோய் எவரும் திட்டமிட்டு விளைவித்த துன்பமன்று. அதற்கு மருத்துவ வசதி அளித்தல் அரசின் கடமையே எனினும், அக்கடமையின் குறையைப் பொதுமக்கள் தம் வியர்வையால் நிரப்புவது பெருந்தன்மை. லயன் அறைகளின் ஒழுகும் கூரையோ வேறு வகையானது. அது, நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டிக்கொடுத்தவர்களுக்குரிய பங்கு நெடுங்காலம் கொடுக்கப்படாமையின் விளைவு. அக்கூரைக்காக ஒரு குழு மலையேறி நிதி திரட்டினால் அதனைத் தடுக்கலாகாது. மழையில் நனையும் பிள்ளை தத்துவ விவாதம் முடியும்வரை காத்திருக்க இயலாது. ஆனால் கூரை வேய்ந்ததோடு கணக்குத் தீர்ந்தது என்று கருதுவதே தவறாகும். அப்பொழுது நடை, நீதியை நினைவூட்டும் மொழியாக அன்றி நீதியை மறக்கச்செய்யும் மருந்தாகிவிடுகின்றது.

நடையினால் இவ்விரண்டுள் எதனையும் செய்ய இயலும் என்பதற்கு மலையக மக்களின் வரலாறே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த அம்மக்களின் முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டோர் பலர். அந்நடைக்கு ஆதரவாளர் எவரும் இருக்கவில்லை. அதனால் பிறர் அடைந்த செல்வமே இருந்தது. 1823 ஐத் தொடக்கமாகக் கொண்டு இருநூறு ஆண்டுகள் நிறைவுற்ற 2023 இல், ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அவ்வழியே மீண்டும் ஒரு நடைபயணம் இடம்பெற்றது. பிற சமூகத்தவரும் அதிற் சேர்ந்து நடந்தனர். அவர்கள் வேண்டியது நன்கொடையன்று. தம் வரலாற்றுக்கும் உழைப்புக்கும் அங்கீகாரம், காணியுரிமை, வீட்டுரிமை, நியாயமான ஊதியம் ஆகியனவே அவர்தம் கோரிக்கைகள். 2011 இன் நடை இரக்கத்தின் மொழியிற் பேசியது. 2023 இன் நடை உரிமையின் மொழியிற் பேசியது. இரண்டும் வேண்டுவனவே. முதலாவது இரண்டாவதன் குரலை அமுக்கிவிடாதிருத்தல் வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

இதிலிருந்து, நற்பணிக்காக மலையேறுவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று பிறக்கின்றன. இந்நடை யாருடைய துன்பத்தைப் பேசுகின்றது, நடப்பவனுடையதையா, துன்புறுவோருடையதையா? திரளும் பணம் எவ்வாறு செலவிடப்படல் வேண்டும் என்பதில் அதனைப் பெறுவோருக்கு வாய் உண்டா? மலையிலிருந்து இறங்கியபின், வழியில் கூடையோடு ஒதுங்கி நின்று பாதைவிட்டவளின் சம்பளத்தைப் பற்றி நடந்தவன் ஒரு சொல்லேனும் பேசுவானா? மூன்றாவது வினாவுக்கு விடையளிப்பதே கடினம்; ஏனெனில் அதற்குக் கால்வலிமை போதாது.

சிவனொளிபாதமலையின் உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனையாவது முறை ஏறி வந்தாரோ அத்தனை முறை அதனை அடிப்பது யாத்திரிகர் வழக்கம். சுமைதூக்கும் கூலியாள் தன் ஏற்றங்களுக்கெல்லாம் அம்மணியை அடிக்கப் புகுவானாயின் அது ஓயாது ஒலிக்கவேண்டியிருக்கும். அவனோ அடிப்பதில்லை, சுமையை இறக்கிவைத்துவிட்டு அடுத்த சுமைக்காகக் கீழே செல்கின்றான். அவனது ஏற்றத்தையும் எண்ணிப்பார்க்கும் சமூகத்திலேயே, தானாக விரும்பி மலையேறுபவனின் ஈகையும் முழுமை பெறும். பல்கலைக்கழக மாணவர் பலரும் நற்பணி நடைகளில் ஆர்வத்துடன் சேரும் இக்காலத்தில், கால்களோடு இக்கணக்கும் உடன்நடத்தல் வேண்டும்.