உள் விளிம்பு

ஜாக்கி உள்ளே போகவில்லை. முதல் சிக்கல் அதுதான். செங்கம் சாலையில் நான் டயர் கடை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. ஆம்னி, பொலிரோ, டாடா ஏஸ், பௌர்ணமிக்கு வரும் ஆந்திரா வேன் என்று எதன் அடியிலும் நுழைந்துவிடுகிற ட்ராலி ஜாக்கி, அந்தச் சிவப்பு போர்ஷே 718 கேமனின் வயிற்றுக்குக் கீழே போக மறுத்தது. கடைசியில் இரண்டு பலகையைப் போட்டு, காரை அதன் மேல் ஏற்றி, அப்புறம்தான் தூக்க முடிந்தது. பக்கத்து டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கையில் வைத்தபடியே வந்து நின்றுவிட்டார்.

சொந்தக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். ஆரணிப் பக்கத்துக்காரர், பெங்களூரில் வேலை. மாசம் ஒரு தடவை கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாகக் கிரிவலத்துக்கு வருவாராம்.

"பின் டயர் ரெண்டும் ஒரேயடியா ஊளையிடுதுண்ணே. மாத்தணும். எதைப் போடறதுன்னுதான் ஒன்றரை மாசமா மண்டையைப் பிச்சிக்கிறேன்" என்றார்.

அந்தக் காரில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பாரம் பின்பக்கம் என்பதால் முன்னால் 235/45, பின்னால் 265/45, இரண்டும் 18 அங்குல ரிம். முன்னதைப் பின்னால் போட்டு ஓட்டித் தேய்மானத்தைச் சரிக்கட்டுகிற நம் ஊர் வித்தை அங்கே செல்லாது. ஸ்டெப்னியும் கிடையாது, பஞ்சரானால் ஊற்ற ஒரு பாட்டில் திரவமும் ஒரு சின்னக் காற்றடிக்கும் மோட்டாரும்தான். போர்ஷே கம்பெனி தான் சோதித்து ஒப்புக்கொண்ட டயரில் 'என்' என்ற எழுத்தையும் ஒரு எண்ணையும் போடச் சொல்கிறது. மிஷலின், பிரெல்லி, கான்டினென்டல் என்று அதிலேயே பல ஜாதி. நம் ஆள், இதே கார் வைத்திருக்கும் நாற்பது பேருக்கு மேல் விசாரித்து, அத்தனையையும் செல்லில் குறித்து வைத்திருந்தார். ஒருவர் போட்ட டயர் பத்தாயிரம் கிலோமீட்டரிலேயே கத்த ஆரம்பித்துவிட்டது. அதே டயரை இன்னொருவர் இருபத்தைந்தாயிரம் ஓட்டியிருக்கிறார், பூனை மாதிரி போகிறதாம். மழையில் பசை மாதிரி பிடிக்கிறது என்று ஒருவர் சொன்னதை, மழையில் உயிர் போய் வந்தது என்று அடுத்தவர் அடித்துப் போடுகிறார்.

"எல்லாரும் படிச்சவங்கண்ணே. எல்லாரும் சொந்தக் காசு போட்டவங்க. ஒருத்தரும் பொய் சொல்லல. அப்ப எதை நம்பறது?"

நான் பதில் சொல்லவில்லை. வண்டி தூக்கியிருந்ததால் பின் சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டேன். வெளியே நின்று பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருந்தது. தேய்மான எல்லையைக் காட்டப் பட்டன்களுக்கு நடுவே இருக்கும் 1.6 மில்லிமீட்டர் மேட்டைத் தேய்மானம் இன்னும் எட்டவில்லை. உள் விளிம்பில் விரல் ஓடியபோது சங்கதி வேறாக இருந்தது. முதலில் வழவழப்பு. அப்புறம் ரம்பப் பல் மாதிரி ஒரு திசையில் மட்டும் சொரசொரப்பு. ஒரு இடத்தில் சுருக்கென்று குத்தியது. கையை எடுத்துப் பார்த்தேன், நடுவிரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். ரப்பர் போய்க் கம்பி வெளியே வந்திருக்கிறது. இந்த மாதிரி கார்களில் வளைவில் ஒட்டிப் பிடிக்கட்டும் என்று சக்கரத்தின் தலையை உள்பக்கம் சாய்த்தே வைத்திருப்பார்கள். அதோடு அலைன்மென்ட்டும் கொஞ்சம் விலகிப்போனால் உள் விளிம்பு மட்டும் தனியாகத் தேயும். ஊளைச் சத்தம் அந்த ரம்பப் பல்லிலிருந்து வருகிறது. டயர் கம்பெனிக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் உள்ளே கையை விட்டுப் பார்த்திருப்பார்கள்?

மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். ரப்பர் வாசனையோடு உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் நான்தான். அருணந்தி சிவாச்சாரியார் 13ஆம் நூற்றாண்டில் செய்த சிவஞான சித்தியார் சாமியைப் பற்றி எடுத்த எடுப்பில் பேசிவிடாது. ஒன்றை அறிந்தேன் என்கிறாயே, எப்படி அறிந்தாய் என்று முதலில் அளவைக்குத்தான் போகும். பத்து அளவைகளைச் சொல்லி, அதைக் காட்சி, கருதல், உரை என்று மூன்றில் அடக்கும். வியாபாரிக்குப் பிடித்த நூல். எடைக்கல்லைச் சரிபார்த்துவிட்டுத்தான் சரக்கையே எடுக்கிறது.

காட்சியிலும் வகை உண்டு. கண்ணால் பார்ப்பது ஒன்று. தனக்குள் இன்பமோ துன்பமோ உண்டாகி அதைத் தானே உணர்வது இன்னொன்று, அதற்குப் பெயர் தன்வேதனைக் காட்சி. நாற்பது பேரின் அனுபவம் என்பது இதுதான். அவர்கள் காதில் சத்தம் கேட்டது, எரிச்சல் வந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் "சத்தத்துக்குக் காரணம் இந்த டயர்" என்றபோது காட்சியை விட்டுக் கருதலுக்கு வந்துவிட்டார்கள். நம்மிடம் வந்து சேரும்போது அது உரையாகிவிடுகிறது. ஒரே வாக்கியத்துக்குள் மூன்று சரக்கும் கலந்து கிடக்கிறது. அனுபவம் பொய் சொல்லாது. அனுபவித்தவர் அதற்குக் கற்பிக்கிற காரணம் பொய்யாகலாம். ஒரு பொட்டு ரத்தம் கொடுத்து நான் படித்த பாடம் இவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. புது டயர் போட்டவன் சாட்சி சொன்னால் நான் முதலில் கேட்பது, முன்னால் எதில் ஓட்டிக்கொண்டிருந்தாய் என்பதுதான். மொட்டை டயரில் ஒரு வருடம் ஓட்டினவனுக்கு எந்தப் புது டயரும் சொர்க்கம்.

இதை நான் கடையில் கற்றதைவிடக் கிரிவலப் பாதையில் கற்றதுதான் அதிகம். பதினான்கு கிலோமீட்டர், இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கம். பௌர்ணமி இரவில் கூட நடப்பவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். குபேர லிங்கத்தில் வேண்டிக்கொண்டேன், கடன் அடைந்தது. ஒன்பது பௌர்ணமி நடந்தேன், பையனுக்கு வேலை. குபேர லிங்கத்தில் மட்டும் வரிசை ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்டால் இந்தச் சாட்சியங்கள்தான் காரணம். நடந்தும் கடன் அடையாதவர் அடுத்த பௌர்ணமிக்கு வந்து "அடையவில்லை" என்று நம்மோடு நடந்தபடி சொல்லப்போவதில்லை. அவர் வீட்டில் இருக்கிறார். டயரிலும் அப்படித்தான், ஒன்று ஆகா என்பவன் பேசுவான், அல்லது திட்டுபவன் பேசுவான், சும்மா ஓட்டிக்கொண்டிருப்பவன் வாயே திறக்க மாட்டான்.

நான் நாத்திகம் பேசவில்லை. விபூதி பூசாமல் ஷட்டர் தூக்குகிறவன் இல்லை நான்.

நல்ல டயர் என்று ஒன்று தனியாக இல்லை என்பதற்கு நம் கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஒரு ரேஸைத்தான் அந்த ஆரணிக்காரரிடம் சொன்னேன். 2005 ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ். அந்த வருஷத்து விதிப்படி ரேஸ் நடுவே டயர் மாற்றக் கூடாது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் 13ஆவது வளைவில் ரால்ஃப் ஷூமாக்கர் ஓட்டிய டொயோட்டாவின் பின் டயர் போய், கார் சுவரில் மோதியது. சரிவாகக் கட்டிய அதிவேக வளைவு அது. அந்த வளைவில் வேகத்தைக் குறைக்க வழி செய்யாவிட்டால் எங்கள் டயர் முழு ரேஸுக்கும் தாங்கும் என்று உறுதி தர முடியாது என்று மிஷலினே தன் குழுக்களிடம் சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இருபது காரும் ஒரு சுற்று வந்தன. அதில் மிஷலின் போட்ட பதினான்கு காரும் நேராக உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்தான் ஓடியது. ஜோர்டன் காரில் நரேன் நாலாவதாக வந்து ஐந்து புள்ளி வாங்கினார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர்.

அன்றைக்கு அதைப் பார்த்தவன் என்ன சாட்சி சொல்வான்? பிரிட்ஜ்ஸ்டோன்தான் டயர் என்பான். அந்த வருஷம் மொத்தம் பத்தொன்பது ரேஸ். மிச்சப் பதினெட்டையும் ஜெயித்தது மிஷலின் போட்ட கார்கள். பதினெட்டு ஊரில் ஜெயித்த டயர் ஒரே ஒரு வளைவுக்கு ஆகவில்லை. அதையும் செய்தவனே வாய் திறந்து சொன்னான் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிசு. தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தே ஒருவன் சொல்கிற உரைக்கு எடை அதிகம். அந்தக் கணக்கில், விற்கிற நான் சொல்வதற்கு எடை குறைவு. அதையும் அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

எங்கள் ஊரில் சாட்சி சொன்னவர்களில் எடை குறையாத இரண்டு பேர் எனக்கு உண்டு. திருவெம்பாவையை இங்கேதான் பாடினார் என்று சொல்கிறோமே, அந்த மாணிக்கவாசகர் ஒருவர். வல்லாள கோபுரத்திலிருந்து விழுந்தவரை முருகன் தாங்கினான் என்கிறோமே, அந்த அருணகிரிநாதர் ஒருவர். கிடைத்ததை மட்டும் பாடிவிட்டு அவர்கள் போகவில்லை. கிடைப்பதற்கு முன்னால் தான் எப்படிக் கிடந்தேன் என்பதைப் பாதிக்குப் பாதி சொல்லிவிட்டார்கள். ஒருவர் தன்னை நாய் என்கிறார், இன்னொருவர் பெண் மயக்கத்தில் கெட்டதை ஒளிக்கவே இல்லை. எந்த டயரில் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்காமலே தெரிகிறது. திருப்புகழில் அந்தப் பகுதிகள் வரும்போது கூச்சப்பட்டுத் தாண்டிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைத் தாண்டினால் சாட்சியில் பாதி போச்சு.

மூன்றாவது ஒருவர் உண்டு. என் கடை இருக்கிற அதே சாலையில்தான் ஆசிரமம். மதுரையில் பதினாறு வயதில் சாவை ஒத்திகை பார்த்துவிட்டு, 1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊரில் வந்து இறங்கியவர். ரமணரிடம் யார் வந்து எனக்கு இந்த அனுபவம் வந்தது, அந்த ஒளி தெரிந்தது என்றாலும், அது யாருக்கு வந்தது என்று கேட்டு அனுப்பிவிடுவார் என்பார்கள். என் பாஷையில் சொன்னால், வெளியே நின்று பார்க்காதே, உள்ளே கையை விடு.

சரி, ஊருக்கு உபதேசம் செய்கிறாயே, உன் கதை என்ன என்று கேட்பீர்கள். என் மனைவிக்கு மூன்று வருடம் தீராத தலைவலி. கடையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் கணக்கு எழுதுவாள். பதினொரு பௌர்ணமி சேர்ந்து நடந்தோம், செருப்பில்லாமல். பங்குனியில் முன்னிரவில்கூடத் தார் சூடு அடங்கியிருக்காது. தலைவலி நின்றது. அதே சமயத்தில்தான் அவள் கண்ணாடி மாற்றினாள். அதே சமயத்தில்தான் பஞ்சர் சொல்யூஷன் நெடி ஆகவில்லை என்று கணக்கு நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனாள். மூன்றில் எது? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது அவள் பார்த்த பார்வையைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஏங்க, கண்ணாடிக் கடைக்குப் போடின்னு அந்த வருஷம் என் புத்தியில சொன்னது யாரு?" என்றாள்.

அங்கே நான் மடங்கினேன். பானைக்கு மண் முதற்காரணம், குயவன் நிமித்த காரணம், சக்கரம் துணைக்காரணம் என்று வகுப்பில் சொல்வார்கள். துணைக்காரணத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணமே சக்கரம். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கிற வேலை எனக்குத் தெரியும். கண்ணாடி, நெடி, நடை எல்லாம் சக்கரம். சுற்றிவிட்ட கையைச் சோதிக்க என்னிடம் என்ன அளவை இருக்கிறது? காரணத்தைத் தப்பாகச் சொல்கிறார்கள் என்று குபேர லிங்கத்து வரிசையைப் பார்த்து நான் சிரிக்கலாம். அவள் சொன்ன காரணம் தப்பு என்று காட்ட எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை. சரி என்று காட்டவும்தான்.

ஆரணிக்காரருக்கு நான் செய்தது சின்ன வேலை. உங்கள் நாற்பது பேரில் உங்களை மாதிரி ஓட்டுகிறவர் யார் என்று மட்டும் தேடச் சொன்னேன். ரேஸ் டிராக்குக்குப் போகிறவரும் வேண்டாம், ஏசி கராஜில் நிறுத்திப் பூஜை போடுகிறவரும் வேண்டாம். நம் வெயிலில், நம் வேகத்தடையில், மாசம் ஒரு தடவை நீண்ட ரோட்டில் ஓட்டுகிறவர். மூன்று பேர் தேறினார்கள். மூவர் சொன்னதும் ஒரே டயர் இல்லை. மூன்றில் 'என்' முத்திரையோடு கிடைத்த ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தோம். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். அதைப் பார்த்து, மூன்று மாசத்துச் சரக்குதான் என்று உறுதி செய்துகொண்டேன். டயர் மாட்டினதும் நேராக பெங்களூர் போய், அந்தக் காருக்கென்று மெஷின் வைத்திருப்பவரிடம் அலைன்மென்ட் பார்க்கச் சொன்னேன். என் மெஷினில் அந்தக் கார் ஏறாது. பார்த்தாராம்.

கார்த்திகை தீபம் முடிந்த அடுத்த வாரம் மறுபடி வந்தார். இறங்கும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"டயர்னா இதுதாண்ணே டயர்! சத்தமே இல்ல. என்கிட்ட கேக்கற எல்லாருக்கும் இதையேதான் போடச் சொல்லிட்டிருக்கேன்."

கடைப் பையன் பலகையைப் போட்டான். காரைத் தூக்கினோம். நான் ஒன்றும் சொல்லாமல் குனிந்து, பின் சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டேன். நாலு விரலும் சமமாக ஓடின.